பல் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்

இந்த முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்தன. குழந்தையின் கையில் உணவைக் கொடுத்து, தானே எடுத்துத் தின்ன விடலாமா? ஃபிங்கர் ஃபுட் என்று இளம் பெற்றோர் ஆசையாகக் கேட்கிறார்கள். வீட்டுப் பெரியவர்கள் பதறுகிறார்கள். இரண்டு தரப்பும் எழுதியிருக்கிறார்கள். இருவருக்குமே குழந்தைமேல் உள்ள அக்கறைதான் காரணம் என்பதால் இரண்டு பக்கத்துக்கும் பதில் சொல்கிறேன்.

என் மகளுக்கு ஆறு மாதம் முடிந்துவிட்டது. பல் ஒன்றுகூட வரவில்லை. அரைத்த கூழ்தான் கொடுக்கிறேன். கையில் கொடுக்கும் உணவை எப்போது, எதில் தொடங்கலாம்?
— ஒரு தாய், கோட்டையூர்

இப்போதே தொடங்கலாம். மென்மையான உணவை நசுக்க ஈறே போதும். நன்றாக மெல்ல உதவும் கடைவாய்ப் பற்கள் ஒரு வயதுக்குப் பிறகுதான் வரும். அதுவரை எல்லாவற்றையும் மிக்ஸியில் அடித்துக் கொடுத்தால், வாய் மெல்லப் பழக வேண்டிய நல்ல மாதங்கள் போய்விடும். ஒன்பது, பத்து மாதம் வரை கூழை மட்டுமே பார்த்த குழந்தைகள் பலர், பிறகு சோற்றுப் பருக்கை நாக்கில் பட்டாலே துப்புகிறார்கள்.

உங்கள் மகள் லேசான பிடிமானத்தோடு நிமிர்ந்து உட்காருகிறாளா, தலை ஆடாமல் நிற்கிறதா, பொருளைப் பிடித்து வாய்க்குக் கொண்டுபோகிறாளா என்று பாருங்கள். வாயில் வைத்ததை நாக்கு உடனே வெளியே தள்ளினால் சில நாள் பொறுத்து மறுபடி முயலுங்கள். ஆறு மாதத்தில் குழந்தை முழு உள்ளங்கையாலும்தான் பொருளைப் பிடிக்கும். மூடிய கைக்கு மேலே கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்தால்தான் கடிக்க முடியும். அதனால் உங்கள் சுட்டுவிரல் நீளத்துக்கு, அதே தடிமனில் வெட்டுங்கள். பறங்கிக்காய், கேரட், சர்க்கரைவள்ளிக்கிழங்கு, உருளைக்கிழங்கு எதுவானாலும் ஆவியில் வேகவைத்து, கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே வைத்து அழுத்துங்கள். சிரமமில்லாமல் நசுங்கினால் கொடுக்கலாம்.

பழுத்த வாழைப்பழத்தைக் கழுவி, பாதித் தோலை மட்டும் உரித்துக் கொடுத்தால் கை வழுக்காது. இட்லி காய்ந்திருந்தால் அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். நீளமாக வெட்டி, பருப்புத் தண்ணீரிலோ நெய்யிலோ தோய்த்துக் கொடுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதலும், எட்டு மாதத்துக்குள் பெரும்பாலான குழந்தைகள் கையால் எடுத்துத் தின்னத் தயாராகிவிடுவார்கள் என்கிறது.

ஒன்பது மாதத்தை ஒட்டிக் கட்டைவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்து கிள்ளி எடுக்கத் தொடங்கும். அப்போது துண்டுகளைச் சிறிதாக்குங்கள். தேங்காய்ப்பாலில் ஊறிய இடியாப்பத்தை உதிர்த்துத் தட்டில் போட்டுப் பாருங்கள், அந்த வயதுக்கு அதைவிடப் பொருத்தமான உணவு நம் அடுப்படியில் வேறில்லை. அதற்காகக் கரண்டியால் ஊட்டுவதை நிறுத்த வேண்டாம். நெய் விட்டுக் குழைத்த பருப்புச் சோறும் ஓடட்டும், பக்கத்தில் கையில் ஒரு துண்டும் இருக்கட்டும். தாய்ப்பாலும் தொடர வேண்டும்.

பேரன் ஏழு மாசம். மருமகள் கேரட்டை வேகவைத்து அப்படியே கையில் கொடுக்குது. ரெண்டு தடவை ஓங்கரிச்சு முகமெல்லாம் செவந்து போச்சு. எனக்கு உயிரே போயிடுச்சு டாக்டரம்மா. நாங்க வளத்த பிள்ளைகளுக்கு இப்படியா கொடுத்தோம்?
— ஓர் அப்பத்தா, பள்ளத்தூர்

ஆச்சி, உங்கள் பயம் நியாயமானது. ஆனால் நீங்கள் பார்த்தது ஓங்கரிப்பு. அது குழந்தை தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் வழி. பெரியவர்களுக்குத் தொண்டை அருகே ஏதாவது பட்டால்தான் குமட்டும். இந்த வயதுக் குழந்தைக்கு நாக்கின் முன்பக்கமாகவே அந்த உணர்ச்சி இருக்கிறது. மெல்லாத துண்டு சற்று உள்ளே போனதும் முன்னால் தள்ளிவிடும். சத்தம் வரும், கண் கலங்கும், முகம் சிவக்கும், பிறகு மறுபடி தின்னப் பார்க்கும். அந்த நேரத்தில் வாய்க்குள் விரலை விட்டால் துண்டு இன்னும் உள்ளேதான் போகும். கையைக் கட்டிக்கொண்டு பக்கத்திலேயே இருங்கள், துப்பட்டும்.

மூச்சு அடைப்பது வேறு. அதில் சத்தமே வராது. அழ முடியாது, இருமலும் பலமாக வராது, உதடு நீலம் பாரிக்கும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையானால் உடனே முன்கையின் மேல் குப்புறக் கிடத்தி, தாடையைத் தாங்கிப் பிடித்து, தலை மார்பைவிடத் தாழ இருக்கும்படி சாய்த்து, இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை பலமாகத் தட்ட வேண்டும். வரவில்லை என்றால் மல்லாத்தி, நெஞ்சு நடுவில் உள்ள எலும்பின் மேல் ஐந்து முறை அழுத்த வேண்டும். துண்டு வெளியே வரும்வரை இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்யுங்கள். இதற்குள் இன்னொருவர் 108-ஐ அழைக்கட்டும். குழந்தை துவண்டுவிட்டால் 108-இல் பேசுபவர் சொல்கிறபடி செயற்கைச் சுவாசமும் நெஞ்சழுத்தமும் தொடங்குங்கள். வயிற்றில் அழுத்துவது பெரிய பிள்ளைகளுக்கு மட்டும். இதைப் படித்துத் தெரிந்துகொண்டால் போதாது. அடுத்த தடுப்பூசிக்கு வரும்போது செய்து காட்டச் சொல்லிக் கேளுங்கள், நீங்களும் மருமகளோடு வாருங்கள்.

நியூசிலாந்தில் ஆராய்ந்து 2016-இல் வெளியிட்டார்கள். துண்டுகளின் வடிவத்தையும் மென்மையையும் பெற்றோருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தபோது, தானே எடுத்துத் தின்ற குழந்தைகளுக்கும் ஊட்டப்பட்ட குழந்தைகளுக்கும் மூச்சடைப்பதில் வேறுபாடு தெரியவில்லை. அந்தச் சொல்லிக்கொடுத்தல்தான் முக்கியம். மருமகள் கேரட்டை வேகவைத்துக் கொடுத்தது சரி. பச்சைக் கேரட், ஆப்பிள் துண்டு, முழுத் திராட்சை, முழுக் கடலை, முந்திரி, பாப்கார்ன் இவையெல்லாம் ஆபத்து. நம் பலகாரத் தூக்கில் இருக்கும் சீடை, தேன்குழல், மணகோலமும் அப்படித்தான். மாவுருண்டை மெத்தென்று இருக்கிறதே என்பார்கள். அந்த உலர்ந்த மாவு தொண்டையில் அப்பிக்கொள்ளும், வேண்டாம். நுங்கு வழுக்கி நேரே உள்ளே போய்விடும், மசித்துக் கொடுக்கலாம்.

குழந்தை தின்னும்போது பெரியவர் ஒருவர் எதிரே உட்கார்ந்திருக்க வேண்டும். படுத்துக்கொண்டோ தவழ்ந்துகொண்டோ காரிலோ தின்னக் கூடாது. அந்தக் காவலுக்கு உங்களைவிடப் பொறுமையானவர் யார் ஆச்சி?

எங்கள் வீட்டில் தினமும் காரம்தான். குழந்தைக்குத் தனியாகச் சமைக்க முடியவில்லை. பணியாரம், கும்மாயம், கவுனி அரிசி இதெல்லாம் எப்போது கொடுக்கலாம்?
— ஒரு தாய், தேவகோட்டை

தனிச் சமையல் தேவையில்லை. குழந்தையின் பங்கை முதலிலேயே எடுத்துவிடுங்கள். குழம்பில் உப்பும் மிளகாயும் புளியும் சேர்வதற்கு முன் வெந்த காயையும் பருப்பையும் எடுத்து வைத்தால் ஐந்து நிமிட வேலைதான். ஒரு வயது வரை உப்பு சேர்க்க வேண்டாம். சர்க்கரை இரண்டு வயது வரை வேண்டாம். கருப்பட்டியும் வெல்லமும் அந்தக் கணக்கில்தான் வரும். நம் வீடுகளில் இதை ஒப்புக்கொள்ள வைப்பது கடினம் என்று எனக்குத் தெரியும். இனிப்பில்லாமல் எப்படித் தின்னும் என்று கேட்கிறோம், ஆனால் குழந்தைக்கு இனிப்பு குறைகிறது என்று தோன்றுவதில்லை. நமக்குத்தான் தோன்றுகிறது.

மிளகாய்தான் தள்ளிப்போட வேண்டியது. சீரகம், மஞ்சள், பெருங்காயம், நசுக்கிய பூண்டு ஆறு மாதத்துக்குப் பிறகு துளித்துளியாகச் சேரலாம். சோம்பு, பட்டை வாசமும் பழகட்டும். நம் சமையலின் சுவை அந்த வாசத்தில்தான் இருக்கிறது.

குழிப்பணியாரத்தின் மேல் மொறுமொறுப்பைக் கிள்ளிவிட்டு, உள்ளே இருக்கும் பஞ்சுபோன்ற பகுதியை எட்டு மாதத்தில் கொடுக்கலாம். மாவில் உப்பு போடுவதற்கு முன் ஒரு கரண்டி எடுத்து வையுங்கள். எண்ணெயில் மிதக்கும் வெள்ளைப் பணியாரம், கந்தரப்பம் எல்லாம் பிறகு பார்க்கலாம். கும்மாய மாவு உளுந்தும் பாசிப்பருப்பும் சேர்ந்தது, நல்ல புரதம். கருப்பட்டி போடாமல், தண்ணீர் கூடுதலாக விட்டு, நெய்யோடு தளர்வாகக் கிண்டிக் கரண்டியில் கொடுங்கள். கெட்டியாக உருட்டிக் கையில் கொடுத்தால் ஒட்டும். கவுனி அரிசி எவ்வளவு வெந்தாலும் மென்று தின்ன வேண்டியது, ஒரு வயது தாண்டட்டும்.

பிள்ளையார்பட்டியில் சோறூட்ட நாள் பார்த்திருக்கிறார்கள். அன்றைக்குக் குழந்தைக்கு ஐந்து மாதம்தான் ஆகியிருக்கும். நாக்கில் தேனும் தடவ வேண்டுமாம்.
— ஒரு தந்தை, காரைக்குடி

ஆறு மாதம் முடிந்தபின் ஒரு நல்ல நாள் பார்க்கச் சொல்லுங்கள். தேன் ஒரு வயதுவரை ஒரு துளிகூட வேண்டாம். அதில் பாட்டுலிசம் என்ற நோயை உண்டாக்கும் கிருமியின் வித்துகள் இருக்கலாம். பெரியவர்களின் குடல் அதைத் தாங்கும். சிறு குழந்தையின் குடலில் அது முளைத்து நஞ்சை உண்டாக்கி, தசைகளைத் தளரச் செய்யும், மூச்சையும் பாதிக்கும். காய்ச்சினாலும் அந்த வித்துகள் சாகாது. மலைத்தேனா, கடைத்தேனா என்ற பேச்சே இதில் இல்லை.

எட்டு மாத மகனுக்கு ரத்தம் கம்மி என்றார்கள். நாங்கள் அசைவம் சாப்பிடுபவர்கள்தான். ஆனால் ஒரு வயதுக்கு முன் கறி செரிக்காது என்று மாமியார் தடுக்கிறார்.
— ஒரு தாய், புதுவயல்

செரிக்கும். உங்கள் மகனுக்கு இப்போது மிகவும் வேண்டியதும் அதுதான். பிறக்கும்போது உடம்பில் சேமித்து வந்த இரும்புச்சத்து ஆறு மாதத்தில் கரைந்துவிடும். தாய்ப்பாலில் இரும்பு குறைவு. அந்த இடைவெளியை உணவுதான் நிரப்ப வேண்டும். தண்ணியான கஞ்சியிலும் ரஸ்க்கிலும் அது கிடைக்காது.

ஆட்டு ஈரலை நன்றாக வேகவைத்து, மசித்துச் சோற்றில் பிசைந்து வாரம் ஒருமுறை கொடுங்கள். வைட்டமின் ஏ மிக அதிகம் என்பதால் அதற்கு மேல் வேண்டாம். கொத்துக்கறியைக் குழைய வேகவைத்து, உருளைக்கிழங்கு மசித்துச் சேர்த்து விரல் நீள உருட்டாகப் பிடித்துக் கொடுத்தால் அவனே கடித்துத் தின்பான். நாட்டுக்கோழி நார் நாராக இருக்கும், அதைப் பொடியாக அரிய வேண்டும். மீனை நீங்களே விரலால் தடவித் தடவி முள் பார்த்துவிட்டுக் கொடுங்கள். முட்டை முழுவதும் வெந்திருக்க வேண்டும், வெள்ளைக்கருவையும் ஆறு மாதத்திலிருந்தே கொடுக்கலாம். கறி சமைக்காத நாளில் பருப்பும் முருங்கைக்கீரையும் சேர்த்துக் கடைந்து, இறக்கியபின் எலுமிச்சை பிழியுங்கள். கீரையில் உள்ள இரும்பை உடம்பு எடுத்துக்கொள்ள அந்தப் புளிப்பில் உள்ள வைட்டமின் சி உதவும். டீயில் பிஸ்கட் தோய்த்துக் கொடுக்கும் பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்துங்கள், டீ இரும்பைத் தடுக்கும்.

அரசுத் திட்டத்தில் 6 மாதம் முதல் 5 வயது வரை வாரம் இருமுறை 1 மில்லி இரும்புச்சத்து சிரப் தருகிறார்கள். கிராம சுகாதார செவிலியரிடம் கேளுங்கள். ஆனால் உங்கள் மகனுக்கு ஏற்கெனவே ரத்தம் குறைவு என்பதால் அந்த அளவு போதாமல் போகலாம். எவ்வளவு கொடுப்பது என்பதைப் பரிசோதனை முடிவைப் பார்த்து மருத்துவரே சொல்ல வேண்டும்.

சிங்கப்பூரில் இருக்கிறோம். கடலை ஒவ்வாமை பற்றிப் பயமாக இருக்கிறது. மூன்று வயது வரை கடலையே வேண்டாமா?
— ஒரு தாய், ஊர் கண்டனூர்

முன்பு அப்படித்தான் சொல்லிவந்தார்கள். 2015-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு அதை மாற்றிவிட்டது. ஒவ்வாமை வரும் வாய்ப்பு அதிகமுள்ள குழந்தைகளுக்குக்கூட முதல் ஆண்டிலேயே கடலையைப் பழக்கியதில் ஒவ்வாமை வெகுவாகக் குறைந்தது. ஆகவே தள்ளிப்போட வேண்டாம். வறுத்த கடலையை நைசாக அரைத்து, கேழ்வரகுக் கூழில் கால் டீஸ்பூன் கலந்து பகல் நேரத்தில் கொடுத்துப் பாருங்கள். அன்று வேறு புதிய உணவு எதுவும் வேண்டாம். கடுமையான கரப்பான் உள்ள குழந்தை என்றாலோ, முட்டை ஏற்கெனவே ஒத்துக்கொள்ளவில்லை என்றாலோ மருத்துவரைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். முழுக் கடலை ஐந்து வயது வரை கூடாது, அது மூச்சடைக்கும் என்பதற்காக.

கையில் கொடுத்தால் பாதியைத் தரையில் எறிகிறாள். இரண்டு வாய்தான் உள்ளே போகிறது. மொபைலில் பாட்டு போட்டு ஊட்டினால் கிண்ணம் காலியாகிறது. எது சரி?
— ஒரு தாய், பொன்னமராவதி

பாட்டு போட்டால் கிண்ணம் காலியாவது உண்மைதான். பசி அடங்கியது அவளுக்குத் தெரியாமல் போவதால்தான் அது நடக்கிறது. என்ன கொடுப்பது, எப்போது கொடுப்பது என்பது உங்கள் பொறுப்பு. எவ்வளவு தின்பது என்பதை அவளிடம் விடுங்கள். முகத்தைத் திருப்பினால், வாயை மூடிக்கொண்டால் முடிந்தது என்று அர்த்தம். மூக்கைப் பிடித்து ஊட்டுவது, அழும்போது வாய்க்குள் திணிப்பது இரண்டும் வேண்டாம், புரையேறும்.

6 முதல் 8 மாதக் குழந்தைக்குத் தாய்ப்பாலுக்கு மேல் உணவிலிருந்து வேண்டியது நாளொன்றுக்குச் சுமார் 200 கலோரி. இரண்டு மூன்று வேளைகளில் பிரித்தால் ஒவ்வொரு வேளையும் சில கரண்டிகள்தான், அதில் அரை டீஸ்பூன் நெய் சேர்ந்தால் இன்னும் குறைவு. நாம் நினைத்துக்கொண்டிருக்கும் ஒரு கிண்ணக் கணக்கு பெரும்பாலும் கூடுதல். தட்டில் இரண்டே துண்டு வையுங்கள், தின்றபின் இன்னொன்று. எறிவதும் பிசைவதும் பழகுவதில் சேர்ந்தவை. வளர்ச்சி அட்டையில் எடைக்கோடு அவளுக்குரிய பாதையில் ஏறிக்கொண்டிருந்தால் நிம்மதியாக இருங்கள். கோடு படுத்துவிட்டால், அல்லது இறங்கினால், காத்திருக்காமல் அழைத்து வாருங்கள்.

கையில் தின்ன ஆரம்பித்ததிலிருந்து மலம் இறுகிப்போகிறது.
— ஒரு தந்தை, நெற்குப்பை

சாப்பாட்டோடு காய்ச்சி ஆறிய தண்ணீரை டம்ளரில் சிறுகச் சிறுகக் கொடுங்கள். காய் வாழைப்பழத்தை விட்டுவிட்டு பப்பாளி, கொய்யாவின் விதையில்லாத சதை, ஊறவைத்து மசித்த உலர்திராட்சை கொடுத்துப் பாருங்கள். மலத்தில் ரத்தம் வந்தாலோ, வயிறு உப்பி வாந்தி எடுத்தாலோ வீட்டு வைத்தியம் வேண்டாம்.

கடையில் வாயில் போட்டதும் கரையும் பஃப்ஸ் விற்கிறார்களே, வாங்கலாமா? ஹை சேர் அவசியமா?
— ஒரு தாய், கானாடுகாத்தான்

பஃப்ஸ் பழக வைப்பது கரைவதைத்தான், மெல்லுவதை அல்ல. லேபிளில் சர்க்கரை, உப்பு என்ன அளவு என்று படியுங்கள். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான உணவை விளம்பரம் செய்வதையே 1992-இல் வந்து 2003-இல் திருத்தப்பட்ட சட்டம் தடை செய்கிறது. உங்கள் மொபைலில் வரும் சிபாரிசுகளை அந்தக் கண்ணோடு பாருங்கள்.

ஹை சேர் இருந்தால் வசதி, பெல்ட் போட வேண்டும். இல்லையென்றால் உங்கள் மடியில் முதுகு நிமிர்ந்து உட்காரட்டும், அல்லது தரையில் உங்கள் இரண்டு கால்களுக்கு நடுவே. ஆத்தங்குடிக் கல் பதித்த தரை துடைக்கச் சுலபம், கீழே ஒரு பழைய வேட்டியை விரித்தால் வேலை இன்னும் குறையும். உங்கள் கையையும் குழந்தையின் கையையும் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத் தொடங்குங்கள். தட்டில் எச்சில்பட்டு மிஞ்சியதை அடுத்த வேளைக்கு எடுத்து வைக்க வேண்டாம்.