பூ உதிர்ந்துவிடுமோ என்ற கவலையில் தூக்கம் போகிறது!

அன்புள்ள மேடம்,

எனக்கு 43 வயது. கோவையில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. கணவர், பிளஸ் டூ படிக்கும் மகள், 74 வயது மாமியார் என்று நான்கு பேர் கொண்ட குடும்பம். ஆர்.டி. கட்டிச் சேர்த்த பணத்தில், மகளின் பரீட்சை முடிந்ததும் நாங்கள் மூவரும் ஜப்பான் போகிறோம். எங்களுக்கு இதுதான் முதல் வெளிநாட்டுப் பயணம். ஏப்ரல் 4 இரவு கிளம்பி 13-ம் தேதி திரும்புகிறோம். முதலில் டோக்கியோ, 9-ம் தேதியிலிருந்து கியோட்டோ. செர்ரிப் பூக்கும் காலத்தில் போக வேண்டும் என்பது என் பல வருட ஆசை. டிக்கெட்டை ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்காது.

பிப்ரவரியில் பூ எப்போது பூக்கும் என்ற கணிப்பைப் பார்க்க ஆரம்பித்தேன். இந்த வருஷம் முன்னதாகவே பூத்துவிடும், நாங்கள் போய்ச் சேர்வதற்குள் டோக்கியோவில் உதிர ஆரம்பித்துவிடும் என்று ஒரு தளத்தில் பார்த்ததிலிருந்து மனசு நிலைகொள்ளவில்லை. ஆபீஸில் இருக்கும்போதும் நாலு தளங்களை மாற்றி மாற்றிப் பார்க்கிறேன். ராத்திரி 2 மணிக்கு விழிப்பு வந்தால் கை தானாக போனுக்குப் போகிறது. பயணத் திட்டத்தை எக்ஸெலில் மணிக்கணக்காகப் பிரித்து எழுதி, அதைத் திரும்பத் திரும்ப மாற்றுகிறேன்.

மார்ச் மாதம் எங்கள் பிரிவுக்கு எப்படிப்பட்ட மாதம் என்று உங்களுக்குத் தெரியும். போன வாரம் ஜிஎஸ்டி கணக்கில் ஒரு தொகையை இரண்டு முறை ஏற்றிவிட்டேன். படிக்கிற பிள்ளையிடம் காரணமே இல்லாமல் எரிந்து விழுகிறேன். மாமியாரை நாத்தனார் வீட்டில் விட்டுவிட்டுப் போகிறோமே என்ற உறுத்தல் வேறு. "பூவைப் பார்க்கவா இத்தனை லட்சம்?" என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டது காதிலேயே நிற்கிறது. பங்குனி வந்தால் மொட்டை மாடியில் வேட்டியை விரித்து, மரத்திலிருந்து உதிரும் வேப்பம்பூவைச் சேர்த்துக் காயவைப்பேன். இந்த வருஷம் அதற்குக்கூட மனம் வரவில்லை.

போவதற்கு முன்பே சலித்துவிட்டது. போய் ஏமாந்து நிற்பேனோ என்று பயமாக இருக்கிறது. இது ஏதாவது மனநோயா? என்ன செய்ய வேண்டும்?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோவை

அன்புச் சகோதரி,

நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் இது மனநோய் இல்லை. நெடுநாள் ஆசை நிறைவேறப் போகும்போது மனசு பரபரப்பது இயல்பு. உங்களை வாட்டுவது அந்த ஆசை கிடையாது. திரும்பத் திரும்பப் போனைப் பார்க்கும் பழக்கம்தான்.

ஒவ்வொரு முறை பார்த்ததும் சில நிமிடம் பதற்றம் தணிகிறது. தணிந்ததால் மூளை அதையே மருந்தாக எடுத்துக்கொள்கிறது. அடுத்த பதற்றத்துக்கும் அதே மருந்தைக் கேட்கிறது. சில சமயம் நல்ல செய்தி, சில சமயம் கெட்ட செய்தி என்று மாறி மாறி வருவதால் பழக்கம் இன்னும் இறுகுகிறது. எப்போது கிடைக்கும் என்று தெரியாத பரிசுக்காகத்தான் மனிதர்கள் அதிகம் காத்துக்கிடக்கிறார்கள்.

இத்தனை முறை பார்த்தும் புதிதாக ஏன் ஒன்றும் தெரியவில்லை என்பதையும் புரிந்துகொள்ளுங்கள். செர்ரி மொட்டு போன கோடையிலேயே உருவாகி உறங்குகிறது. குளிர்காலத்துக் குளிர் அதை எழுப்ப வேண்டும், பிறகு வெயில் அதை வளர்க்க வேண்டும். பிப்ரவரி 1 முதல் ஒவ்வொரு நாளின் அதிகபட்ச வெப்பநிலையையும் கூட்டிக்கொண்டே வந்து, மொத்தம் 600 டிகிரி செல்சியஸைத் தொடும்போது டோக்கியோவில் பூக்கும் என்று அங்கே ஒரு தோராயக் கணக்கு உண்டு. வரப்போகும் வாரங்களின் வெயிலை வைத்துத்தான் அந்தக் கூட்டல் முடியும். யாசுகுனி ஆலயத்தில் இருக்கும் ஒரு குறிப்பிட்ட மரத்தில் ஐந்தாறு பூக்கள் விரிந்த பிறகுதான் ஜப்பான் வானிலை நிறுவனம் "பூத்துவிட்டது" என்று அறிவிக்கிறது. டோக்கியோவின் 30 வருடச் சராசரிப்படி அந்த நாள் மார்ச் 24, முழுப்பூப்பு மார்ச் 31. கியோட்டோவில் முழுப்பூப்பின் சராசரி ஏப்ரல் 4. அதன்பிறகு ஒரு வாரம் போல நிற்கும். குளிர் நீடித்தால் கூடுதலாக நிற்கும், மழையும் காற்றும் வந்தால் சீக்கிரம் கொட்டிவிடும். கியோட்டோவில் பூத்த நாட்கள் 9-ம் நூற்றாண்டிலிருந்து பதிவாகியிருக்கின்றன. அங்கேயே 2021-ல் மார்ச் 26 அன்று முழுப்பூப்பு வந்து, அதுவரையிலான 1,200 வருடப் பதிவில் மிக முந்தைய நாளானது. அந்த ஊர்க்காரர்களுக்கே பிடிபடாத தேதி, ராத்திரி 2 மணிக்கு உங்கள் போனில் பிடிபடாது.

ஓர் ஆய்வையும் சொல்கிறேன். நெதர்லாந்தில் 1,530 பேரிடம் நடத்தி 2010-ல் வெளியானது. விடுமுறைக்குப் போகிறவர்கள், போகாதவர்களைவிடக் கூடுதல் மகிழ்ச்சியோடு இருந்தது பயணத்துக்கு முந்தைய நாட்களில்தான். திரும்பி வந்தபின் பெரும்பாலோருக்கு அந்த வித்தியாசம் இல்லை. மிக நிம்மதியாகப் போய்வந்தவர்களுக்கு மட்டும் இரண்டு வாரம் போல நீடித்தது. ஆக, இப்போது ஓடிக்கொண்டிருக்கும் இந்த மூன்று வாரமும் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய பயணத்தில் சேர்ந்ததுதான். அதை வீணாக்காமல் காப்பாற்றிக்கொள்ள வேண்டும்.

முதலில் பார்க்கும் நேரத்தைக் கட்டுங்கள். புதன், சனி மாலை 7 மணி, 15 நிமிடம், ஒரே ஒரு தளம். நீங்கள் பார்க்காமல் உங்கள் கணவர் பார்த்துச் சொன்னால் இன்னும் நல்லது. கணிப்பு ஏறக்குறைய வாரத்துக்கு ஒருமுறைதான் புதுப்பிக்கப்படுகிறது என்பதால் எதையும் தவறவிட மாட்டீர்கள். புக்மார்க்குகளை அழித்துவிடுங்கள், அறிவிப்புகளை நிறுத்திவிடுங்கள். இரவில் போன் ஹாலில் சார்ஜ் ஆகட்டும். எழுப்புவதற்கு ஒரு சாதாரண அலாரம் கடிகாரம் வாங்கிக்கொள்ளுங்கள். முதல் மூன்று நான்கு நாள் தவிப்பு முன்பைவிடக் கூடும். பலர் இந்த இடத்தில்தான், "இந்த வழி எனக்கு ஒத்துவரவில்லை" என்று விட்டுவிடுகிறார்கள். ஒவ்வொரு தவிப்பும் 15, 20 நிமிடத்தில் தானாக இறங்கும். அதுவரை கைக்கு வேலை கொடுங்கள். "ஒரே ஒரு தடவை" என்று நடுவில் பார்த்தால், காத்திருந்தால் கிடைக்கும் என்று மூளை கற்றுக்கொள்ளும். அடுத்த தவிப்பு இன்னும் நீளும்.

அடுத்து, பயத்தை நேராகப் பார்த்து அதற்கு ஒரு ஏற்பாடு செய்யுங்கள். முடியாமல் கிடக்கும் காரியம் மனசுக்குள் அரித்துக்கொண்டே இருக்கும். அதற்கு ஒரு தெளிவான திட்டம் எழுதிவிட்டாலே அரிப்பு அடங்குகிறது என்று 2011-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. எக்ஸெலை மூடிவிட்டு ஒரு தாளில் எழுதுங்கள்: "டோக்கியோவில் உதிர்ந்திருந்தால், ஷின்ஜுகு கியோஎன் பூங்கா." அங்கே பல வகை செர்ரி மரங்கள் இருக்கின்றன. அடுக்கு இதழ்கொண்ட வகைகள் சாதாரண செர்ரிக்குப் பிறகுதான், ஏப்ரலில் பூக்கும். "சிதோரிகாஃபுசி அகழி." உதிர்ந்த இதழ்கள் தண்ணீரை மூடி மிதப்பதைப் பார்க்கவே அங்கே கூட்டம் வரும். "கியோட்டோவிலும் உதிர்ந்திருந்தால், நின்னாஜி கோவில்." அங்குள்ள குட்டையான ஓமுரோ செர்ரி, ஊரில் மற்ற மரங்கள் முடிந்த பிறகு பூக்கும். நீங்கள் கியோட்டோவில் இருக்கும் நாட்களுக்கு அது மிக நெருக்கம். இந்த மூன்று வரி எழுதியபிறகு, கணிப்பு எப்படி மாறினாலும் நீங்கள் புதிதாக முடிவெடுக்க ஒன்றும் இருக்காது.

மணிக்கணக்குத் திட்டத்தையும் குறையுங்கள். ஒரு நாளுக்கு முன்பதிவு செய்த இடம் ஒன்று, மனசுக்குப் பிடித்தால் போக இன்னொன்று, அவ்வளவு போதும். ஷின்ஜுகு ரயில் நிலையத்துக்கு மட்டும் 200-க்கு மேற்பட்ட வாசல்கள். வெளியே வரவே 20 நிமிடம் ஆகலாம். இறுக்கமாகத் திட்டம் போட்டால் இப்படிப்பட்ட தாமதம் ஒவ்வொன்றும் தோல்வியாகத் தெரியும், அந்தக் கோபம் குடும்பத்தின் மேல் பாயும்.

உங்கள் கையில் இருக்கும் வேலைகளை ஒரே மாலையில் உட்கார்ந்து முடியுங்கள். விசா மின்னணு வடிவில் வந்திருந்தால், விமான நிலையத்தில் இணையத்தோடு போனில் திறந்து காட்ட வேண்டும். ஸ்கிரீன்ஷாட்டும் பிரிண்ட்டும் செல்லாது. அதனால் ரோமிங்கை இங்கிருந்தே போட்டுக்கொள்ளுங்கள். 'விசிட் ஜப்பான் வெப்' என்ற குடியேற்ற, சுங்கப் பதிவுத் தளத்தில் மூவரின் விவரத்தையும் ஏற்றி க்யூஆர் கோடு எடுத்து வையுங்கள். ஜப்பான் ரயில்களில் குறிப்பிட்ட நாட்களுக்கு எத்தனை முறையும் போக உதவும் ஜேஆர் பாஸ் வாங்கலாமா என்று குழம்பிக்கொண்டிருந்தால், 2023 அக்டோபரில் 7 நாள் பாஸ் 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னுக்கு ஏறிவிட்டது. டோக்கியோ–கியோட்டோ புல்லட் ரயிலுக்கு ஒரு வழி சுமார் 14,000 யென். உங்கள் பயணத்துக்குத் தனி டிக்கெட்டே போதும்.

தூக்கத்துக்கு ஒரு எளிய வழி. படுப்பதற்கு முன் 5 நிமிடம், நாளைக்குச் செய்ய வேண்டியவற்றைக் காகிதத்தில் எழுதுங்கள். 2018-ல் வந்த ஓர் ஆய்வில் இப்படி எழுதியவர்கள், முடித்த வேலைகளை எழுதியவர்களைவிடச் சுமார் 9 நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள். எவ்வளவு குறிப்பாக எழுதினார்களோ அவ்வளவு சீக்கிரம். "ஆபீஸ் வேலை" என்று எழுதினால் பலன் இல்லை. "காலை 10-க்கு பிப்ரவரி பேங்க் ஸ்டேட்மென்ட் சரிபார்க்க" என்று எழுதுங்கள். மாலை 4 மணிக்குப் பிறகு காபி வேண்டாம். விழிப்பு வந்தால் மணி பார்க்காதீர்கள்.

ஆபீஸில் காலை முதல் இரண்டு மணி நேரம் போன் டிராயரில் இருக்கட்டும். மார்ச் 31 வரை நீங்கள் ஏற்றும் பெரிய தொகைகளை இன்னொருவர் ஒருமுறை பார்க்க ஏற்பாடு கேளுங்கள். வருடக் கணக்கு முடிக்கும் நேரத்தில் இப்படிக் கேட்பதை யாரும் குறைவாக நினைக்க மாட்டார்கள்.

மாமியார் விஷயத்தில் உறுத்தல் குறைய, ஏற்பாடு கண்ணுக்குத் தெரிய வேண்டும். 10 நாள் மாத்திரையோடு மூன்று நாளைக்குக் கூடுதலாக, வேளைவாரியாகப் பிரித்து, பெரிய எழுத்தில் அட்டவணை எழுதிக் கொடுங்கள். அவரைப் பார்க்கும் டாக்டரின் எண் நாத்தனாரிடம் இருக்கட்டும். ஜப்பான் நமக்கு மூன்றரை மணி நேரம் முன்னால். அங்கே இரவு 8 என்றால் இங்கே மாலை 4.30. அந்த நேரத்தில் தினமும் பேசுவோம் என்று அவரிடமே சொல்லிவிடுங்கள். முக்கியமாக, "அத்தை, உங்களுக்கு இது வருத்தமா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்காமல் நாமே கற்பித்துக்கொள்ளும் பதில்தான் அதிகம் உறுத்துகிறது.

பக்கத்து வீட்டு அக்காவுக்கு, "ஆமாங்க்கா, ரொம்ப நாள் ஆசை, சேர்த்து வச்சுப் போறோம்" என்ற ஒரு வரி போதும். விளக்கம் சொல்லப் போனால் உங்கள் ஆசைக்கு நீங்களே அவரிடம் அனுமதி கேட்பது போல ஆகிவிடும். மகளிடம் ஒருமுறை சுருக்கமாக வருத்தம் தெரிவித்துவிட்டு, பரீட்சை முடியும்வரை பயணப் பேச்சையே எடுக்காதீர்கள். முடிந்ததும் ஒரு முழு நாளை அவள் இஷ்டப்படி திட்டமிட விடுங்கள்.

வேப்பம்பூவை விட்டுவிடாதீர்கள். நீங்கள் 13-ம் தேதி வருகிறீர்கள், 14 சித்திரை முதல் நாள், பச்சடிக்குப் பூ வேண்டும். நாளை காலையிலேயே வேட்டியை விரியுங்கள். காம்பும் தூசியும் போகப் புடைத்து, இரண்டு மூன்று நாள் வெயிலில் காயவைத்து, கையில் நொறுங்கும் பதத்தில் டப்பாவில் போடுங்கள். அந்தக் கசந்த வாசனையோடு அரை மணி நேரம் கைவேலையாக இருப்பது, அலையும் மனசை இருக்கும் இடத்துக்குக் கொண்டுவர நான் சொல்லக்கூடிய எந்தப் பயிற்சிக்கும் குறைந்ததில்லை.

ஏமாந்துவிடுவேனோ என்ற பயத்துக்கு ஒன்று சொல்ல வேண்டும். வானம் தெளிவாக இருந்த ஒரு நாளில், கூட்டம் இல்லாத விடியற்காலையில் எடுத்த படங்களையே பார்த்துவிட்டுப் போகிறவருக்கு உண்மையான இடம் எப்போதும் ஒரு படி குறைவாகத்தான் தெரியும். இனிமேல் புதுப் படங்கள், நேரலைக் கேமராக்கள் வேண்டாம். மேலும், ஓர் அனுபவத்தின் உச்சத் தருணமும் கடைசித் தருணமும்தான் நினைவில் அழுத்தமாகப் பதிகின்றன என்பது உளவியலாளர் டேனியல் கானமன் காட்டியது. கடைசி நாளைக் கடை கடையாக அலைவதற்கு வைக்காமல், கியோட்டோவில் ஆற்றங்கரையில் மூவரும் சும்மா உட்கார்ந்திருக்க ஒதுக்குங்கள். முடிந்தால் 15-ம் தேதியும் லீவு போடுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் காத்திருக்க வேண்டாம். 43 வயதில் நடு இரவு விழிப்பும் எரிச்சலும் மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய மாற்றத்தாலும், தைராய்டு கோளாறாலும் வரும். மாதவிடாய் நாட்கள் தள்ளிப்போனாலோ, உடம்பு திடீரென்று சூடாகி வியர்த்தாலோ மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். தைராய்டுக்கான டிஎஸ்ஹெச் ரத்தப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். மேலே சொன்னவற்றை இரண்டு வாரம் செய்தும் தூக்கம் 5 மணி நேரத்தைத் தாண்டாவிட்டாலோ, நெஞ்சு படபடத்து மூச்சு முட்டினாலோ, கதவு, கேஸ், கணக்கு என்று மற்ற விஷயங்களையும் திரும்பத் திரும்பச் சரிபார்க்கும் வழக்கம் முன்பிருந்தே இருந்தாலோ மனநல மருத்துவரை நேரில் பார்ப்பது நல்லது. அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416-ல் எந்த நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம்.