வெள்ளைக்காரன் தடை செய்த செடியா?

வணக்கம் சார்,

என்கூடப் படித்த பையனைப் போன வாரம் களியக்காவிளையில் கஞ்சாவோடு பிடித்துவிட்டார்கள். ஊரே கொலைகாரனைப் போல் பார்க்கிறது. சித்தர்கள் சிவமூலி என்று கொண்டாடிய செடியை வெள்ளைக்காரன் தடை செய்தான், இன்றைக்கு அவனே கனடாவில் கடை போட்டு விற்கிறான், நாம் மட்டும் பிள்ளைகளை ஜெயிலில் போடுகிறோம். நாட்டு வைத்தியம் பற்றி எழுதும் நீங்கள் இதையும் எழுதலாமே?

ஜெபின், மார்த்தாண்டம்

அன்புள்ள ஜெபின்,

வெள்ளைக்காரன் தடை செய்யவில்லை, வரி போட்டான். 1893இல் ஒரு கமிஷன் அமைத்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகளை விசாரித்தார்கள். அளவாகப் புகைப்பவனுக்குப் பெரிய கேடு இல்லை, தடையெல்லாம் வேண்டாம், லைசென்சும் வரியும் போதும் என்று 1894இல் அறிக்கை வந்தது. சென்னை மாகாணத்தில் வட ஆர்க்காடு சந்தவாசலில் கஞ்சாவுக்கென்றே கிடங்கு இருந்தது. அன்றைக்கு நம்ம ஊர் திருவிதாங்கூர் ராஜாவின் ஆட்சியில் இருந்தது, அங்கேயும் அது கலால் சரக்குதான்.

தடை செய்தது நம்ம பாராளுமன்றம். 1961 ஐநா ஒப்பந்தம் மருந்துக்கு அல்லாத கஞ்சாவை நிறுத்த 25 ஆண்டு அவகாசம் கொடுத்தது, அது முடிவதற்குள் 1985இல் போதைப்பொருள் சட்டம் வந்துவிட்டது. மத்திய சட்டம் என்பதால் சாராயக் கடை விஷயம் மாதிரி கேரள எல்லைக்குள் இருக்கும் பாறசாலைக்கு ஒரு நியாயம் களியக்காவிளைக்கு ஒரு நியாயம் என்று கிடையாது.

இந்தச் சட்டத்தில் கஞ்சா என்றால் பூவும் காயும் விடும் நுனிக் கொத்து. அந்தக் கொத்து சேராத இலையும் விதையும் கணக்கில் வராது, உத்தரப் பிரதேசத்தில் அந்த இலையை அரைத்துச் செய்யும் பாங்குக்குக் கடை லைசென்சோடு நடப்பது அதனால்தான். ஆனால் பிடிக்கும்போது சாக்கில் தண்டு, இலை, விதை, பூ எல்லாம் ஈரத்தோடு கலந்து கிடக்கும், அதை அப்படியே தராசில் வைப்பார்கள். 1 கிலோ வரை சிறிய அளவு, ஒரு வருஷம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், சில சமயம் இரண்டும். அதற்கு மேலே போனால் பத்து வருஷம் வரை. 20 கிலோவைத் தாண்டினால் வணிக அளவு, பத்து வருஷத்துக்குக் குறையாது, இருபது வரை போகலாம், ஜாமீன் குதிரைக்கொம்பு. பூவைத் தனியாகப் பிரித்து எடை போட்டீர்களா என்று வக்கீல்கள் மல்லுக்கு நிற்பது இதற்காகத்தான், எனக்கு அந்தச் சண்டை நியாயமாகவே படுகிறது.

சித்தர்கள் விஷயத்துக்கு வருவோம். சித்த மருந்தில் கஞ்சா உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் சுத்தி செய்து, அளவு பார்த்து, பத்துச் சரக்கோடு லேகியத்தில் சேர்ப்பது அது. இன்றைய மருந்துச் சட்ட விதிகளிலும் சித்த மருத்துவத்தின் நச்சுச் சரக்குப் பட்டியலில்தான் அது இருக்கிறது. டியூஷன் முடிந்து வரும் பையன் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் வாங்கும் பொட்டலத்துக்குப் போகரையும் அகத்தியரையும் சாட்சிக்குக் கூப்பிடாதீர்கள், பாவம் அவர்கள்.

கனடா 2018இல் கடையைத் திறந்தது உண்மை. தாய்லாந்தும் 2022இல் திறந்தது, 2025இல் மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று பின்வாங்கியது. அதையும் சேர்த்துச் சொன்னால்தான் வாதம் நேர்மையாக இருக்கும். என்னைக் கேட்டால், பொட்டலம் வாங்குகிறவனை உள்ளே போடுவதால் ஒன்றும் ஆகப்போவதில்லை, லாரியில் அனுப்புகிறவன் பெரும்பாலும் அகப்படுவதும் இல்லை. சட்டத்தைத் திருத்த வேண்டும் என்றுதான் நானும் நினைக்கிறேன், ஆனால் அதற்கு வெள்ளைக்காரன் கதை தேவையில்லை.

உங்கள் கூட்டுக்காரன் எவ்வளவோடு பிடிபட்டான் என்று எழுதவில்லையே. அதுதான் முதல் கேள்வி. வக்கீலிடம், பிடித்தபோது போலீஸ் எழுதிய மகஜரில் இருக்கும் எடையையும், அதில் என்னவெல்லாம் சேர்ந்திருக்கிறது என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். சிறிய அளவுதான், பழக்கமும் இருக்கிறது என்றால் அதே போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவைக் கேளுங்கள். தானாக முன்வந்து அரசு ஆஸ்பத்திரியிலோ அங்கீகரித்த மையத்திலோ சிகிச்சை எடுப்பவன்மேல் வழக்கு நடத்தாமல் இருக்க அதில் வழி உண்டு, சிகிச்சையைப் பாதியில் விட்டால் மட்டும் அந்தச் சலுகை போய்விடும். ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜில் மனநலப் பிரிவு இருக்கிறது, அவன் வீட்டாரிடம் இன்றைக்கே சொல்லுங்கள்.