பிள்ளைக்கு காது கேக்கல, காரணம் தேடுற டெஸ்ட் எடுக்கணுமான்னு கேட்ட தொண்டி தம்பிக்கு

வஅலைக்கும் ஸலாம் தம்பி. ஏழு வாரப் பிள்ளை, ரெண்டு காதும் ரொம்பவே கம்மின்னு ஏ.பி.ஆர் டெஸ்ட்ல (சத்தத்துக்கு காது நரம்பும் மூளையும் எப்படி வேலை செய்யுதுன்னு பாக்குற டெஸ்ட்) உறுதியாயிடுச்சு, இப்ப ரத்தம், யூரின், ஈ.சி.ஜி, எம்.ஆர்.ஐ, ஜீன் டெஸ்ட்னு ஒரு லிஸ்ட் குடுத்துருக்காங்க, தொண்டியில உம்மா "பச்சப்புள்ளைய குத்த விடாதே, குடும்பத்துக்கே குறைன்னு எழுதிருவான்"னு போன்ல அழுறாங்க, பேசாம ரெண்டு பேரையும் ஊருக்கு அனுப்பிரவான்னு கேட்டிருந்தீங்க. நான் கீழக்கரை, லண்டன் ஈஸ்ட்ஹாம் பக்கம் வந்து வருசக்கணக்காச்சு, என் மூத்தவளும் இப்படித்தான் பொறந்தா, இப்ப செகண்டரி ஸ்கூல்ல வாய் ஓயாம பேசுறா. டாக்டர் இல்ல நான், பட்டுத் தெரிஞ்சத சொல்றேன்.

மொதல்ல, ஊருக்கு அனுப்பாதீங்க. நம்ம கடற்கரைப் பக்கம் பல வீட்டுல பிள்ளைக்கு ரெண்டு மூணு வயசாகி பேச்சு வரலன்னதும்தான் காதையே யோசிப்பாங்க. அங்கயும் முதலமைச்சர் காப்பீட்டுல காக்ளியர் இம்ப்ளான்ட் (ஆபரேஷன் பண்ணி உள்காதுல வைக்கிற கருவி) வைக்கிறாங்க, குறை சொல்லல, ஆனா இங்க ஏழு வாரத்துலயே கண்டுபிடிச்சு கையில குடுத்துட்டாங்க, அத விட்டுட்டு ஏன் போகணும். இன்னொண்ணு, காரணம் தெரிஞ்சாத்தான் ஹியரிங் எய்டுன்னு நெனச்சுராதீங்க, மெஷின் அதுபாட்டுக்கு இப்பவே மாட்டணும், டெஸ்ட் ரிசல்ட் மாசக்கணக்குல பின்னால வரட்டும்.

அந்த லிஸ்ட்ல அவசரம்னா சி.எம்.வி தான். பெரியவங்களுக்கு லேசான காய்ச்சல் மாதிரி வந்து தெரியாமலே போயிடுற வைரஸ், கர்ப்பத்துல பிள்ளைக்கு தொத்துனா காத பாதிக்கும். பொறந்து 21 நாளுக்குள்ள எச்சில்லயோ யூரின்லயோ பாத்தா பிறவியிலயே வந்ததுன்னு உறுதியா சொல்லலாம், அதுக்கப்புறம் பாசிட்டிவ்னா பொறந்த பிறகு ஒட்டுனதாவும் இருக்கலாம். உங்களுக்கு அந்த நாள் தாண்டிருச்சு, ஆனா அஞ்சாம் நாள் மிட்வைஃப் (பிரசவ நர்ஸ்) வந்து குதிங்கால்ல குத்தி ஒரு அட்டையில நாலு வட்டத்துல ரத்தம் எடுத்தாங்கல்ல, அந்த அட்டைய தூக்கிப் போட மாட்டாங்க, வருசக்கணக்கா வச்சிருப்பாங்க, அதுலயே சி.எம்.வி பாக்கலாம். நாளைக்கே ஆடியாலஜிக்கு (காது டெஸ்ட் பண்ணுன பிரிவு) போன் போட்டு "அந்த ப்ளட் ஸ்பாட் கார்ட சி.எம்.விக்கு அனுப்பிட்டீங்களா"ன்னு கேளுங்க. ஏன்னா சி.எம்.விக்கான மருந்து பொறந்த மொத மாசத்துக்குள்ள ஆரம்பிக்கிறதுதான் வழக்கம், கொஞ்சம் பிந்துனாலும் சில பிள்ளைகளுக்கு யோசிப்பாங்க, ஆனா நாள் போகப் போக அந்த வாய்ப்பு இல்ல. அட்டையில நெகட்டிவ் வந்தா நூறு சதவீதம் இல்லன்னு அர்த்தமில்ல, அதையும் மனசுல வச்சுக்குங்க.

காதுக்கு எதுக்கு ஈ.சி.ஜின்னு உம்மா கேக்குறாங்கன்னு எழுதியிருந்தீங்க, நியாயமான கேள்விதான். ஜெர்வெல் லாங்கே நீல்சன்னு ஒண்ணு இருக்கு, ரொம்ப அபூர்வம், காது கேக்காததோட இதயத் துடிப்புலயும் கோளாறு, பிள்ளை திடீர்னு மயங்கி விழும், உயிருக்கே ஆபத்து, முன்னாடியே தெரிஞ்சா மருந்து குடுத்து பாத்துக்கலாம். ஈ.சி.ஜில ஊசியே கிடையாது, நெஞ்சுல ஸ்டிக்கர் ஒட்டி எடுத்துருவாங்க. கண் டாக்டர்கிட்டயும் அனுப்புவாங்க, போங்க, காது கேக்காத பிள்ளைக்கு கண்ணுதான் எல்லாம். யூரின் கிட்னிக்கு. எம்.ஆர்.ஐ உள்காதும் கேக்குற நரம்பும் ஒழுங்கா இருக்கான்னு பாக்க, நரம்பே இல்லன்னா காக்ளியர் வச்சும் பலன் இருக்காது, அதனால இத தள்ளிப் போடாதீங்க. இப்ப இருக்குற வயசுல வயிறு நெறைய பால் குடுத்து துணியில இறுக்கிச் சுத்தி தூங்க வச்சே எடுத்துருவாங்க, கொஞ்சம் வளந்துட்டா மயக்க மருந்து குடுக்கணும்.

இனி ஜீன் டெஸ்ட், உம்மா அழுகைக்கு காரணம் இதுதான். எங்களுக்கு பேப்பர்ல குடும்ப மரம் வரஞ்சாங்க, ஆம்பளைக்கு சதுரம், பொம்பளைக்கு வட்டம், நானும் அவரும் மாமா மகன் அத்தை மகள்னதால எங்க நடுவுல மட்டும் ரெண்டு கோடு. பெரியபட்டினத்துல எங்க பெத்தாவோட தங்கச்சி ஒருத்தங்க, சின்ன வயசுல காய்ச்சல்ல பேச்சு போச்சுன்னு ஊர்ல சொல்லுவாங்க, காது கேக்காதவங்கன்னு அவங்க வட்டத்தையும் கறுப்பாக்கிட்டாங்க. ரிசல்ட் கனெக்ஸின் 26, காது கேக்குறதுக்கு வேணும்கற ஒரு ஜீன்ல பழுது. தாய் தகப்பன் ரெண்டு பேருக்கும் காது நல்லா கேக்கும், ஆளுக்கு ஒரு பழுதான ஜீன் மறைவா இருக்கும், ரெண்டும் பிள்ளைகிட்ட சேர்ந்தா கேக்காது, ஒவ்வொரு கர்ப்பத்துலயும் 25 சதவீதம். சொந்தத்துல கட்டுனா அப்படி சேர்ற வாய்ப்பு கூடுது, ஆனா கட்டாதவங்களுக்கும் வருது. கனெக்ஸின்னா பொதுவா வேற உறுப்புல கோளாறு இருக்காது, காக்ளியரும் நல்லா வேலை செய்யும். அதுவரைக்கும் எங்க மாமி, மாசமா இருக்கைல நான் கிரகணத்துல வெளிய போனதாலதான்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க, பாதி அவங்க மகன்கிட்டருந்து வந்ததுன்னு தெரிஞ்சதோட அந்தப் பேச்சு நின்னுச்சு, எனக்கு டெஸ்ட்டோட பெரிய லாபமே அதுதான்னு சொல்லுவேன்!

எல்லாருக்கும் பதில் கெடைக்காது. "மாற்றம் இருக்கு, அர்த்தம் தெரியல"ன்னும் வரும், நம்ம ஆளுங்க ஜீன் தகவல் டெஸ்ட் பண்றவங்க ஒப்பிட்டுப் பாக்க சேத்து வச்சதுல கம்மிங்கறதால நமக்கு அது கொஞ்சம் அதிகமாவே வரும், பதறாதீங்க. பிள்ளைக்கு பொறந்ததும் ஜென்டாமைசின்னு ஆன்டிபயாடிக் ஊசி போட்டாங்கன்னு சொன்னீங்கல்ல, அத டாக்டர்கிட்ட கண்டிப்பா சொல்லுங்க. சிலருக்கு தாய்வழியா வர்ற ஒரு ஜீன் மாற்றத்தால அந்த ஊசி காத பாதிக்கும், அப்படி இருந்தா ஊர்ல உங்க மனைவியோட உம்மா, அக்கா தங்கச்சி, அவங்க பிள்ளைங்க எல்லாரும் அந்த ஊசிய தவிர்க்கணும், அவங்களுக்குத்தான் இதுல பலன்.

காசு விசயம். என்.எச்.எஸ்ல (இங்க அரசாங்க மருத்துவ சேவை) இந்த டெஸ்ட், பிள்ளைக்கு ஹியரிங் எய்டு, பேட்டரி எல்லாம் இலவசம், ஆஸ்பத்திரியில பிள்ளைக்கு காரணம் தேடுறதால விசாவுக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா யாராவது டி.எல்.ஏ (குறைபாடு உள்ள பிள்ளைக்கு அரசாங்கம் குடுக்குற உதவித்தொகை) அப்ளை பண்ணுன்னு சொன்னா, உங்க விசாவுல நோ ரிகோர்ஸ் டு பப்ளிக் ஃபண்ட்ஸ்னு, அதாவது அரசாங்க உதவித்தொகை வாங்கக் கூடாதுன்னு, இருக்கான்னு பாத்துட்டு பண்ணுங்க, அது பப்ளிக் ஃபண்ட்ஸ்ல சேரும், பின்னால விசா சிக்கல் வரும். தமிழ் இன்டர்பிரெட்டர் கேளுங்க, காசு கிடையாது, ஜீன் அப்பாயின்ட்மென்ட்டுக்கு கண்டிப்பா கேளுங்க, உங்க மனைவிக்கு நீங்களே மொழிபெயர்த்தா பாதிய முழுங்கிருவீங்க. அந்த அப்பாயின்ட்மென்ட்டுக்கு முன்னாடி ரெண்டு பக்க உறவுலயும் காது கேக்காதவங்க, பேசாதவங்க, திடீர்னு மயங்கி விழுந்து மவுத்தானவங்க, ராத்திரியில கண்ணு தெரியாதவங்க யாராச்சும் இருந்தாங்களான்னு உம்மாகிட்டயே கேட்டு எழுதி வாங்குங்க, அவங்களவிட யாருக்கும் அது தெரியாது. அட்டைக்கு என்ன பதில் சொன்னாங்கன்னு எழுதுங்க.