ஸ்பானிஷ் பேசும் வீடுகளும் பள்ளிக்கூட வாசலும்: வாசகர் கேள்வி – பதில்

அமெரிக்க அரசுப் பள்ளிகளில் ஆங்கிலம் கற்கும் நிலையில் இருக்கும் மாணவர்கள் சுமார் 50 லட்சம் பேர். அவர்களில் ஏறக்குறைய நான்கில் மூவர் ஸ்பானிஷ் பேசும் வீட்டுப் பிள்ளைகள். அங்கே பி.டி.ஏ. எனப்படும் பெற்றோர் – ஆசிரியர் சங்கத்திலும் நூலகங்களிலும் தொண்டு செய்யும் நம் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில்.

எங்கள் தொடக்கப் பள்ளியில் பாதிக்கு மேல் ஸ்பானிஷ் குடும்பங்கள். பிள்ளைகளை வாசிக்கப் பழக்குவது பற்றி ஒரு மாலைக் கூட்டம் வைத்தோம். ஸ்பானிஷிலேயே நோட்டீஸ் அடித்து எல்லாப் பையிலும் வைத்து அனுப்பினோம். வந்தது ஏழே பேர். இவர்களுக்கு அக்கறை இல்லையா?
– வாசகி, டல்லாஸ்

அக்கறையைச் சந்தேகிக்கும் முன் அந்த நோட்டீஸை எடுத்துப் பாருங்கள். தலைப்பு ஆங்கிலத்தில், விஷயம் ஸ்பானிஷில், கடைசியில் பள்ளி அலுவலகத்தின் எண் என்று இருக்கும். அந்த எண்ணைக் கூப்பிட்டால் ஆங்கிலத்தில் 'ஒன்றை அழுத்துக, இரண்டை அழுத்துக' என்று ஒலிக்கும். பாதிப் பேர் அங்கேயே வைத்துவிடுவார்கள். ஸ்பானிஷ் பேசும் ஒருவரின் பெயரும், அவர் எடுக்கும் எண்ணும் நோட்டீஸில் இருக்க வேண்டும். இலவசம், கைக்குழந்தையோடு வரலாம், சாப்பாடு உண்டு என்ற மூன்றையும் பெரிய எழுத்தில் போடுங்கள். குழந்தையை அழைத்து வரலாம் என்று எழுதாவிட்டால் வரக்கூடாது என்றே தாய்மார்கள் எடுத்துக்கொள்கிறார்கள்.

அடுத்தது நேரம். மாலை 4 மணிக் கூட்டம் ஆசிரியர்களுக்கு வசதி. கட்டட வேலை, ஓட்டல் சமையலறை, அலுவலகத் துப்புரவு என்று இரண்டாம் ஷிஃப்டில் இருப்பவர்களுக்கு அது நடக்காத காரியம். ஒரே நிகழ்ச்சியை ஒரே நாளில் இரண்டு முறை நடத்துங்கள்: காலையில் பிள்ளைகளை விட்டுப் போகும் நேரத்தில் ஒன்று, மாலை 6 மணிக்கு ஒன்று. மாலைக் கூட்டத்தில் சாப்பாட்டை முதலில் போடுங்கள். வேலையிலிருந்து நேரே வருபவர் பசியோடு ஒரு மணி நேரம் உட்கார மாட்டார். தாமதமாக வருபவருக்கும் முக்கியமான பகுதி தப்பாது. பக்கத்து அறையில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். கைக்குழந்தைகள் மூன்று நான்குக்கு ஒருவர் என்று கணக்கு வையுங்கள்.

இத்தனையும் செய்தாலும், கூட்டத்தைக் கொண்டுவருவது காகிதம் அல்ல, ஆள். ஒவ்வொரு பள்ளியிலும் மற்ற தாய்மார்கள் சந்தேகம் கேட்கிற இரண்டு மூன்று பேர் இருப்பார்கள். பேருந்து நிறுத்தத்தில் நின்றால் ஒரே வாரத்தில் தெரிந்துவிடும். அவர்கள் ஆளுக்கு ஐந்தாறு பேரைக் கூப்பிட்டால் போதும். முந்தின நாள் வாட்ஸ்அப்பில் அரை நிமிடக் குரல் செய்தி அனுப்புங்கள். குழு தொடங்கினால் எல்லார் எண்ணும் எல்லாருக்கும் தெரிந்துவிடும். சிலர் அதனாலேயே விலகுவார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் செய்தி போகும் பிராட்காஸ்ட் பட்டியலில் அந்தச் சிக்கல் இல்லை. ஆனால் உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் அந்தச் செய்தி போகும். 'அனுப்பினோம், யாரும் பார்க்கவில்லை' என்ற புகாருக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். எண் வாங்கும்போதே, அவர்கள் கைபேசியில் உங்கள் எண்ணையும் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

வாசலையும் கவனியுங்கள். வருகைப் பதிவேட்டில் பெயரும் தொலைபேசி எண்ணும் போதும். முகவரிப் பத்தி எதற்கு? குடியேற்ற ஆவணம் இல்லாதவர்கள் முகவரியோ அடையாள அட்டையோ கேட்டாலே பயந்து திரும்பிவிடக்கூடும். பல பள்ளிகளில் வருபவரின் ஓட்டுநர் உரிமத்தை ஸ்கேன் செய்யும் கருவி இருக்கிறது. மாலை நிகழ்ச்சிக்கு அதைத் தவிர்த்து உணவுக்கூடக் கதவைத் திறந்துவிட முடியுமா என்று முதல்வரிடம் கேளுங்கள். முடியாதென்றால், வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டும் தூதரகம் தரும் அடையாள அட்டையும் செல்லுமா என்று முன்கூட்டியே விசாரித்து நோட்டீஸில் எழுதுங்கள்.

ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம், ஸ்பானிஷில் ஒரு வாக்கியம் என்று நடத்தினால் கூட்டம் இரண்டு மடங்கு நீள்கிறது. என்ன செய்யலாம்?
– வாசகர், சான் ஹோசே

ஹெட்செட் கருவிதான் வழி. ஒரு ஒலிபரப்பி, தேவையான அளவு காதொலிக் கருவிகள். பெரும்பாலான பள்ளி மாவட்டங்களின் மொழிபெயர்ப்புப் பிரிவில் ஒரு பெட்டி இருக்கும்; இரண்டு வாரம் முன்பே கேட்டு வாங்குங்கள். பேட்டரி எல்லாவற்றையும் அன்று மதியமே சோதியுங்கள். மொழிபெயர்ப்பாளர் பின்வரிசையில் உட்கார்ந்து தணிந்த குரலில் பேசுவார். தொடர்ந்து உடனுக்குடன் மொழிபெயர்ப்பது மூளையைப் பிழியும் வேலை. 20 – 30 நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும். ஒரு மணி நேரக் கூட்டத்துக்கு ஒருவரை மட்டும் அமர்த்தினால் பிற்பாதியில் வாக்கியங்கள் விழுங்கப்படும். பேசுபவரின் ஸ்லைடுகள் இரண்டு நாள் முன்பாவது அவர் கையில் இருக்கட்டும்.

ஹெட்செட் திரும்பி வர வேண்டுமே என்று அடையாள அட்டையை வாங்கி வைப்பது பல இடங்களில் வழக்கம். ஸ்பானிஷ் குடும்பங்கள் கூடுகிற இடத்தில் அதைச் செய்யாதீர்கள். கார் சாவியை வாங்கிக்கொள்ளுங்கள், அல்லது எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஸ்பானிஷ் பேசுபவர்களே பெரும்பான்மை என்றால் கூட்டத்தையே ஸ்பானிஷில் நடத்தி, ஹெட்செட்டை ஆங்கிலம் பேசுபவர்களுக்குக் கொடுங்கள். அறையில் யார் கை தூக்குகிறார்கள் என்பது அன்றே மாறும்.

பிள்ளையை மொழிபெயர்க்க வைப்பது மட்டும் கூடவே கூடாது. தன்னைப் பற்றிய புகாரைத் தானே அம்மாவுக்குச் சொல்லும் பத்து வயதுப் பையன் எதை விடுவான், எதைச் சேர்ப்பான் என்று உங்களுக்கே தெரியும். மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கான சிறப்புக் கல்விக் கூட்டம் என்றால் இது நாகரிக விஷயம் மட்டுமல்ல. அங்கே நடப்பது பெற்றோருக்குப் புரிவதற்காக மொழிபெயர்ப்பாளர் உட்பட வேண்டியதைப் பள்ளியே ஏற்பாடு செய்ய வேண்டும் என்பது கூட்டாட்சி விதி.

எங்கள் பட்டியலில் ஒரே குழந்தை இரண்டு பெயரில் வருகிறது. ஏன்?
– வாசகி, ஹூஸ்டன்

இரட்டைக் குடும்பப் பெயர்தான் காரணம். மரியா கார்சியா லோப்பஸ் என்றால் கார்சியா அப்பா வழி, லோப்பஸ் அம்மா வழி. அகரவரிசையில் கார்சியாவின் கீழ் வர வேண்டியவர். கடைசிச் சொல்தான் குடும்பப் பெயர் என்று நினைக்கும் மென்பொருள் லோப்பஸில் போட்டு, கார்சியாவை நடுப்பெயராக்கிவிடும். அடுத்த ஆண்டு வேறொருவர் சரியாகப் பதிந்தால் அங்கே இன்னொரு மாணவி உருவாகிறாள். தடுப்பூசிப் பதிவு ஒன்றில், மதிப்பெண் மற்றொன்றில். பிறப்புச் சான்றிதழில் உள்ள இரண்டு பெயரையும் குடும்பப் பெயர்க் கட்டத்திலேயே சேர்த்து எழுதுங்கள், சுருக்காதீர்கள். அமெரிக்கப் படிவங்களில் இனிஷியலோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இன்னொன்று: அப்பா, அம்மா, பிள்ளை மூவருக்கும் மூன்று விதமான குடும்பப் பெயர் இருப்பது அங்கே இயல்பு. பெயர் பொருந்தவில்லை என்று தாயை வாசலில் நிறுத்தி வைக்காதீர்கள்.

சேர்க்கையின்போது வீட்டு மொழி பற்றி ஒரு படிவம் தருகிறார்கள். தமிழ் என்று எழுதினால் பிள்ளையைத் தனி வகுப்பில் போட்டுவிடுவார்கள் என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள். ஸ்பானிஷ் பெற்றோரும் என்னிடம் இதையே கேட்கிறார்கள்.
– வாசகர், ஆஸ்டின்

படிவத்தில் பொதுவாக மூன்று கேள்விகள் இருக்கும்: வீட்டில் அதிகம் பேசும் மொழி, பிள்ளை அதிகம் பேசும் மொழி, பிள்ளை முதலில் கற்ற மொழி (மாநிலத்துக்கு மாநிலம் கொஞ்சம் மாறும்). ஆங்கிலம் அல்லாத பதில் வந்தால் பிள்ளைக்கு ஆங்கிலத் தேர்வு வைப்பார்கள். அவ்வளவுதான், பதிலே பிள்ளையை எந்த வகுப்பிலும் போடுவதில்லை. தேர்வில் தேறினால் விஷயம் முடிந்தது. தேறாவிட்டால் பள்ளி பெற்றோருக்குக் கடிதம் அனுப்ப வேண்டும். பள்ளியாண்டு தொடங்கி 30 நாளுக்குள். எந்தத் திட்டம், ஏன், எப்போது வெளியே வரலாம் என்பதெல்லாம் அதில் இருக்கும். வேண்டாம் என்று மறுக்கும் உரிமையும் உண்டு. மறுத்தாலும் ஆண்டுதோறும் நடக்கும் ஆங்கிலத் தேர்வை மட்டும் பிள்ளை எழுதித்தான் ஆக வேண்டும். தவறான பதிலைத் திருத்த டெக்ஸஸில் அவகாசம் குறைவு: சேர்ந்த இரண்டு வாரத்துக்குள், அதுவும் தேர்வு நடப்பதற்கு முன்.

பயந்து 'ஆங்கிலம்' என்று எழுதிவிட்டு, மூன்றாம் வகுப்பில் பிள்ளை பின்தங்கும்போது உதவி கேட்டு அலைவதுதான் உண்மையான தொல்லை. ஸ்பானிஷ் பெற்றோருக்கான கூட்டத்தில் இந்தப் படிவத்தைத் திரையில் போட்டு வரி வரியாகக் காட்டுங்கள். வேறெதையும்விட இதற்குத்தான் கேள்விகள் வரும்.

குடியேற்ற ஆவணம் இல்லாத பெற்றோர் பிள்ளையைச் சேர்க்கத் தயங்குகிறார்கள். நான் என்ன சொல்லலாம்?
– பெயர் வேண்டாம் என்கிறார் வாசகி, நியூ ஜெர்சி

டெக்ஸஸின் டைலர் நகரப் பள்ளி மாவட்டம் இப்படிப்பட்ட பிள்ளைகளிடம் ஆண்டுக்கு 1,000 டாலர் கட்டணம் கேட்டது. அந்த வழக்கில்தான் 1982-இல் உச்ச நீதிமன்றம், குடியேற்ற நிலையைக் காரணம் காட்டி அரசுப் பள்ளிக் கல்வியை மறுக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது: பிளைலர் எதிர் டோ. பள்ளி கேட்கக்கூடியது பிள்ளையின் வயதுக்கும், அந்த மாவட்டத்தில் வசிப்பதற்கும் ஆதாரம். வெளிநாட்டுப் பிறப்புச் சான்றிதழ் செல்லும். சமூகப் பாதுகாப்பு எண்ணைக் கட்டாயப்படுத்த முடியாது.

பள்ளி, தேவாலயம், மருத்துவமனை போன்ற இடங்களில் குடியேற்ற நடவடிக்கையைக் கட்டுப்படுத்திய வழிகாட்டுதல் 2025 ஜனவரியில் விலக்கப்பட்டது. பயத்துக்குக் காரணம் இருக்கிறது. 'ஒன்றும் நடக்காது' என்று நீங்கள் வாக்குக் கொடுக்காதீர்கள். யாரிடமும் ஆவண நிலையைக் கேட்காதீர்கள், அவர்களே சொன்னாலும் எழுதி வைக்காதீர்கள். அதிகாரி யாராவது வந்தால் தொண்டர் பேசக் கூடாது. முதல்வரிடம் அனுப்ப வேண்டும். நீதிபதி கையெழுத்திட்ட வாரண்டும் குடியேற்றத் துறை தானே போட்டுக்கொள்ளும் வாரண்டும் ஒன்றல்ல. அதைப் பிரித்துப் பார்ப்பது பள்ளி மாவட்டத்தின் வழக்கறிஞர் வேலை.

புதிதாகப் பாடத்திட்டம் எழுத வேண்டுமா, ஏற்கெனவே இருக்கிறதா?
– வாசகர், சான் டியேகோ

எழுதவே வேண்டாம். சான் அன்டோனியோவில் 1973-இல் தொடங்கிய அவான்ஸே என்ற அமைப்பு, மூன்று வயது வரையுள்ள குழந்தைகளின் பெற்றோருக்கு ஒன்பது மாத வகுப்பு நடத்துகிறது. வகுப்பின் ஒரு பகுதியில் வீட்டில் கிடைக்கும் துணி, அட்டை இவற்றால் தாய்மார்களே பொம்மை தைத்துச் செய்கிறார்கள். அந்தப் பொம்மையை வைத்தே குழந்தைக்கு எண்ணும் நிறமும் சொல்லித் தருகிறார்கள். லாஸ் ஏஞ்சலஸின் அப்ரியெந்தோ புவெர்தாஸ் திட்டம் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் பெற்றோருக்கானது, பத்து அமர்வு. உங்கள் ஊரிலேயே 1987-இல் பிறந்த பி.ஐ.க்யூ.இ. என்ற அமைப்பு, பெற்றோருக்குப் பள்ளி முறையையும் கல்லூரிப் பாதையையும் விளக்குகிறது. கலிஃபோர்னியாவில் இது முக்கியம். உயர்நிலைப் பள்ளியை முடித்தாலே பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்று பெற்றோர் நினைக்கிறார்கள். மாநிலப் பல்கலைக்கழகங்கள் கேட்பதோ 'ஏ முதல் ஜி வரை' எனப்படும் 15 ஓராண்டுப் பாடங்கள், ஒவ்வொன்றிலும் குறைந்தது 'சி'. பட்டியலைப் பன்னிரண்டாம் வகுப்பில் பார்த்தால் நேரம் கடந்துவிட்டது.

தாங்களே பள்ளியை முடிக்காத பெற்றோருக்கு மெக்ஸிகோ அரசின் பிளாஸா கொமுனிதாரியா மையங்கள் உண்டு, தூதரகத்தில் விசாரிக்கலாம். உயர்நிலைப் பள்ளிச் சான்றுக்கு இணையான ஜி.இ.டி. தேர்வையும் ஸ்பானிஷிலேயே எழுதலாம்.

செலவுக்கு?
– அதே வாசகர்

ஏழைப் பிள்ளைகள் அதிகமுள்ள பள்ளிகளுக்குக் கூட்டாட்சி அரசு தரும் டைட்டில் ஒன் நிதியாக 5 லட்சம் டாலருக்கு மேல் பெறும் மாவட்டம், அதில் குறைந்தது 1 சதவீதத்தைக் குடும்ப ஈடுபாட்டுக்கு ஒதுக்க வேண்டும். அந்தத் தொகையில் 90 சதவீதம் பள்ளிகளுக்குப் போக வேண்டும். குழந்தைப் பராமரிப்புக்கும் போக்குவரத்துக்கும் செலவிடலாம். எப்படிச் செலவாகிறது என்று கேட்கும் உரிமை பெற்றோருக்கு உண்டு, கேட்கத்தான் ஆளில்லை.

வீட்டில் ஆங்கிலத்தில் மட்டும் பேசச் சொல்லலாமா?
– வாசகி, சிகாகோ

கூடாது. அம்மாவுக்குச் சரளமாக வரும் மொழியில் கதை கேட்டு, கேள்வி கேட்டு வளரும் பிள்ளைக்கு வாசிப்பு எளிதாக வரும். திறமை ஒரு மொழியிலிருந்து மற்றதற்குத் தாவும்.

விவசாயப் பகுதியில் இருக்கிறோம். ஸ்பானிஷில் பேசினாலும் சில தாய்மார்கள் தலையை மட்டும் ஆட்டுகிறார்கள்.
– வாசகி, சலினாஸ்

அவர்களுக்கு ஸ்பானிஷ் இரண்டாம் மொழியாக இருக்கலாம், தெரியாமலேயும் இருக்கலாம். மெக்ஸிகோவின் ஒஹாக்கா, குரேரோ மாநிலங்களிலிருந்து ஸ்ட்ராபெர்ரி தோட்டங்களுக்கு வந்தவர்களில் பலர் மிஷ்டெக், த்ரிக்கி என்ற பூர்வகுடி மொழிகளைப் பேசுகிறவர்கள். குவாத்தமாலாக்காரர்கள் என்றால் மாம், கிச்சே. சொந்த நாட்டிலேயே இந்த மொழிகளை இழிவாகப் பேசிக் கேட்டு வளர்ந்ததால் படிவத்தில் 'ஸ்பானிஷ்' என்றே எழுதுவார்கள். 'என்ன மொழி?' என்று கேட்காமல் 'எந்த ஊர்?' என்று கேளுங்கள். மிஷ்டெக்கில் ஊருக்கு ஊர் பேச்சு மாறும்; ஒரு ஊர்க்காரர் பேசுவது இன்னொருவருக்குப் புரியாமல் போகும். அதனால் மொழிபெயர்ப்பாளரைத் தேடும்போதும் ஊர்ப் பெயர்தான் தேவை. அச்சிட்ட தாளைவிடக் குரல் பதிவு பயன்படும். ஆங்கிலத்திலிருந்து ஸ்பானிஷுக்கு, அங்கிருந்து மிஷ்டெக்குக்கு என்று இரண்டு பேர் வழியாகப் போனால், அரை மணிச் சந்திப்புக்கு ஒன்றரை மணி ஒதுக்குங்கள்.

காலண்டரையும் பயிரை வைத்துப் போடுங்கள். நவம்பர் வாக்கில் கீரை அறுவடை அரிஸோனாவின் யூமாவுக்குப் போகிறது. கூடவே குடும்பங்களும் போய் வசந்தத்தில் திரும்புகின்றன. அக்டோபரில் தொடங்கும் பத்து வார வகுப்பு பாதியில் காலியாவது இதனால்தான். ஏப்ரல் பிற்பகுதியில் தொடங்குங்கள், அல்லது அக்டோபருக்குள் முடித்துவிடுங்கள். விவசாய, மீன்பிடி வேலைக்காகக் கடந்த 36 மாதத்தில் பள்ளி மாவட்டம் மாறிய குடும்பம் என்றால் பிள்ளைகளுக்குப் புலம்பெயர் கல்வித் திட்ட உதவி கிடைக்கலாம், 3 வயது முதல் 21 வரை. கிளம்பும் முன் மாவட்டத்தின் அந்தத் திட்ட ஊழியரைச் சந்திக்கச் சொல்லுங்கள். மதிப்பெண், தடுப்பூசிப் பதிவுகளின் நகலைத் தாயின் கைபேசியில் படமாக எடுத்துக் கொடுத்துவிடுங்கள்.