கிள்ளானில் இரண்டு ராஜா

அன்புள்ள ஐயா,

என் காக்கா (அண்ணன்) மலேசியாவில், கிள்ளானில், ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை பார்க்கிறார். அங்கே ராஜா பிறந்தநாள் என்று ஜூனில் ஒரு லீவு, டிசம்பரில் ஒரு லீவு விடுகிறார்களாம். ஒரே நாட்டில் இரண்டு ராஜாவா? தேர்தலும் நடக்கிறது, பிரதமரும் இருக்கிறார். யார்தான் ஆள்வது? ராஜா சும்மா கையெழுத்துப் போடுகிறவர் என்றால் அவர் எதற்கு?

வாசகர், கீழக்கரை

அன்புள்ள தம்பி,

இரண்டு என்ன, ஒன்பது ராஜா இருக்கிறார்கள். மலேசியாவில் மாநிலங்கள் 13. அதில் ஒன்பதுக்குப் பரம்பரை ஆட்சியாளர்கள், மீதி நான்குக்கு ஆளுநர்கள். கிள்ளான் இருப்பது சிலாங்கூரில். டிசம்பர் லீவு அந்த சுல்தானுக்கு. ஜூன் லீவு மாமன்னருக்கு. அந்த ஒன்பது பேரும் கூடி, தங்களுக்குள் ஒருவரை ஐந்து வருஷத்துக்கு மாமன்னராகத் தேர்ந்தெடுக்கிறார்கள். ரகசிய வாக்கெடுப்பு உண்டு, ஆனால் நடைமுறையில் முறைவைத்துத்தான் வருகிறது, நம் பக்கம் கண்மாய்த் தண்ணீருக்கு முறை வைப்பதைப் போல. 2024 ஜனவரி 31 முதல் ஜொகூர் சுல்தான் இப்ராகிமின் முறை. காக்கா கொண்டுவரும் ரிங்கிட் நோட்டில் இருப்பவர் இவர் இல்லை. 1957இல் சுதந்திரம் வந்தபோது முதல் மாமன்னரான துவாங்கு அப்துல் ரஹ்மான்.

யார் ஆள்வது என்றால், பிரதமரும் அமைச்சரவையும்தான். மாமன்னர் அவர்கள் சொல்கிறபடி கையெழுத்துப் போடுகிறவர், அதில் நீங்கள் சொன்னது சரி. ஆனால் முக்கியமான இரண்டு இடத்தில் அவர் தன் சொந்த முடிவை எடுக்கலாம். மக்களவையில் பெரும்பான்மை யாருக்கு இருக்கும் என்று அவர் கருதுகிறாரோ அவரைப் பிரதமராக அழைப்பது ஒன்று, நாடாளுமன்றத்தைக் கலைக்கச் சொல்லிப் பிரதமர் கேட்டால் மாட்டேன் என்பது இன்னொன்று. ஒரு கட்சி தெளிவாக ஜெயித்துவிட்டால் இந்த முதல் அதிகாரம் இருப்பதே வெளியில் தெரியாது, பல வருஷம் அப்படித்தான் தெரியாமல் கிடந்தது.

2020 பிப்ரவரி 24 அன்று மகாதீர் பிரதமர் பதவியை விட்டார். கூட்டணி உடைந்தது, ஆளாளுக்கு எனக்குத்தான் ஆள்பலம் என்றார்கள். அப்போது மாமன்னராக இருந்த பகாங் சுல்தான் அப்துல்லா என்ன செய்தார் தெரியுமா, 222 பேர் கொண்ட மக்களவையின் உறுப்பினர்களை அரண்மனைக்கு வரச்சொல்லி இரண்டு நாளில் ஒவ்வொருவராக உட்காரவைத்து நீ யார் பக்கம் என்று கேட்டார். மார்ச் 1 அன்று முகைதீன் பிரதமராகப் பதவியேற்றார். அந்தக் கணக்கு சரியில்லை என்று மகாதீர் தரப்பு சொன்னதும் நடந்தது. 2022 நவம்பர் 19 தேர்தலிலும் பெரும்பான்மைக்குத் தேவையான 112 எந்தக் கூட்டணிக்கும் கிடைக்கவில்லை. ஐந்து நாள் இழுபறிக்குப் பிறகு அன்வார் இப்ராகிம் அழைக்கப்பட்டார். ராஜா நாட்டைக் காப்பாற்றினார் என்று சிலர் எழுதினார்கள், எனக்கு அதில் சம்மதமில்லை. கணக்குப் பார்க்கும் வேலை அவருடையது, பார்த்தார். தலை எண்ணும் வேலையை நாடாளுமன்றத்துக்குள்ளேயே, எல்லோரும் பார்க்க நடத்துவது மேல் என்று நினைக்கிறவன் நான்.

உங்கள் கடைசிக் கேள்விக்கு நம் ஊரிலேயே ஒரு பதில் இருக்கிறது. இன்றும் ராமநாதபுரத்தில் பஸ் ஏறினால் "அரண்மனை ஒண்ணு" என்று டிக்கெட் கேட்கிறோம். ஆனால் 1795இல் முத்துராமலிங்க சேதுபதியை ஆங்கிலேயர் சிறைபிடித்ததோடு ஆட்சி போயிற்று, பின்னால் வந்தவர்கள் ஜமீன்தார்கள். ஜமீனும் ஒழிந்த பிறகு, 1952 தேர்தலில் சண்முக ராஜேஸ்வர சேதுபதி நம்மிடம் ஓட்டுக் கேட்டு வந்து, ஜெயித்து, ராஜாஜி அமைச்சரவையில் அமைச்சரானார். இங்கே ராஜா வீட்டுக்காரர் ஓட்டுக் கேட்கத் தெருவுக்கு இறங்கினார். மலேசியாவில் ராஜாவைத் தேர்தல் பக்கமே விடாமல் மேலே உட்காரவைத்து, கட்சிக்காரன் இல்லாத ஒருவர் தகராறு நாளில் தேவைப்படுவார் என்று விட்டுவைத்திருக்கிறார்கள். நம் நாட்டில் அந்த நாற்காலியில் குடியரசுத் தலைவரும் ஆளுநர்களும் இருக்கிறார்கள், ஆளுநரை அனுப்புவது டெல்லியில் ஆளும் கட்சி. சரி, அதை இதோடு விடுகிறேன்.

விட முடியவில்லை, இன்னொன்றைச் சொல்லியாக வேண்டும். ராஜா ஒரு மசோதாவில் கையெழுத்துப் போடாமல் வைத்துக்கொண்டே இருந்தால்? 1983இல் அங்கே இதற்காகப் பெரிய சண்டை நடந்தது. மகாதீர் அரசு ராஜாவின் ஒப்புதலுக்குக் கெடு வைத்து ஒரு திருத்தம் கொண்டுவந்தது, அந்தத் திருத்தத்துக்கே ஒப்புதல் கிடைக்கவில்லை. சமரசம் செய்துகொண்டார்கள், பிறகு 1994இல் இன்னொரு திருத்தம் போட்டார்கள்: மசோதா வந்து 30 நாளில் மாமன்னர் கையெழுத்துப் போடாவிட்டாலும் அது சட்டம். பரம்பரை ராஜாவுக்கு 30 நாள் கெடு. நம் அரசியல் சட்டத்தின் 200ஆவது பிரிவோ, ஆளுநர் மசோதாவைத் திருப்பி அனுப்புவதென்றால் கூடிய விரைவில் அனுப்பட்டும் என்கிறதே தவிர, நாள் எண்ணிக்கை எதுவும் அதில் எழுதவில்லை.

காக்காவிடம் ஒன்று கேட்டு எழுதுங்கள். அந்த 2020 பிப்ரவரியில் எம்பிக்கள் கார் காராக அரண்மனைக்குள் போய்வந்ததைக் கடை டிவியில் பார்த்திருப்பார், கல்லாவில் என்ன பேசிக்கொண்டார்கள்? ராஜா பிறந்தநாளுக்கு ஊருக்கே லீவு என்றாலும் சாப்பாட்டுக் கடைக்கு லீவு இருக்காது, அன்றைக்குத்தான் கூட்டம் ஜாஸ்தி, அதனால் சாவகாசமாகக் கேளுங்கள்.