தொடக்க வகுப்பில் கையால் செய்து கற்பது: கேள்வி பதில்

பொருட்களை வைத்துச் செய்து பார்த்துப் படிப்பது பற்றி ஆசிரியர்களும் பெற்றோர்களும் அனுப்பிய கேள்விகள் இவை. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கே: சார், செய்முறை வகுப்பு என்றாலே பிள்ளைகளுக்குக் குஷிதான். ஆனால் மறுநாள் கேட்டால் ஒன்றும் சொல்லத் தெரியவில்லையே?

என்ன செய்தோம் என்பது நினைவிருக்கும் டீச்சர், எதற்காகச் செய்தோம் என்பதுதான் இருக்காது. கையில் பொருள் போகும் முன்பே ஆளுக்கு ஒரு கணிப்பை எழுத வையுங்கள். களிமண் உருண்டை தண்ணீரில் மூழ்கும். அதே களிமண்ணைக் கிண்ணம் போல விரித்து வைத்தால்? மூழ்கும், மிதக்கும் என்று வகுப்பு இரண்டாகப் பிரிந்த பிறகு வைத்துப் பாருங்கள். தப்பாகக் கணித்த பிள்ளைதான் முதலில் 'ஏன்?' என்று கேட்கும். எடை மாறவில்லை, விலக்கப்படும் தண்ணீரின் அளவு கூடியிருக்கிறது என்று அந்த 'ஏன்' வழியாகத்தான் சொல்லிக்கொடுக்க முடியும். சோதனைக்குப் 10 நிமிடம் என்றால் பேச்சுக்கும் 10 நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். மணி அடிக்கப் போகிறதே என்று பலரும் வெட்டுவது அந்தப் பேச்சைத்தான்.

கே: குச்சிக்கட்டு வைத்துக் கழித்தால் சரியாக வருகிறது. நோட்டில் போட்டால் தப்பு. என்ன செய்வது?

குச்சி வேலை ஒரு நாள், நோட்டு வேலை இன்னொரு நாள் என்று நடந்திருக்கும். இரண்டும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். 52-லிருந்து 17 போக வேண்டும் என்று வையுங்கள். ஐந்து கட்டு, இரண்டு உதிரி. ஏழு உதிரியை எடுக்க முடியவில்லை, ஒரு கட்டைப் பிரிக்கிறோம். பிரிக்கும் அதே நொடியில் நோட்டில் 5-ஐ அடித்து 4, 2-ஐ அடித்து 12 என்று எழுத வேண்டும். ஒரு பிள்ளை பிரிக்கட்டும், பக்கத்துப் பிள்ளை எழுதட்டும், அப்புறம் மாறிக்கொள்ளட்டும்.

அமெரிக்க உளவியலாளர் ஜெரோம் புரூனர் 1960-களில் செயல், படம், குறியீடு என்று மூன்று நிலைகளைச் சொன்னார். நாம் அவசரத்தில் தாண்டிவிடுவது நடுவில் இருக்கும் படத்தை. குச்சியை எடுத்து வைத்துவிட்டு, கட்டுக்கு ஒரு கோடு, உதிரிக்கு ஒரு புள்ளி என்று வரைந்து சில நாள் போடட்டும். வெறும் எண் அதற்குப் பிறகுதான்.

கே: மகளுக்குப் பொம்மை வடிவ எண்ணிகள் உள்ள கணிதப் பெட்டி வாங்கலாமா?

வேண்டாம் என்பேன். கரடி பொம்மையைக் கொடுத்தால் எண்ணுவதை விட்டுவிட்டு அம்மா கரடி, குட்டிக் கரடி என்று குடும்பம் நடத்தத் தொடங்கிவிடுவாள். குச்சியும் பொத்தானும் போதும். பெல்ஜிய ஆசிரியர் ஜார்ஜ் குயிசினேர் உருவாக்கிய வண்ணக் கோல்கள் நல்ல பொருள், 1 செ.மீ. முதல் 10 செ.மீ. வரை பத்து நீளம், நீளத்துக்கு ஒரு நிறம். அட்டையில் வெட்டியே செய்துவிடலாம்.

கே: மொழிப் பாடத்தில் கையால் செய்ய என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. 'பூனை', 'எலி', 'துரத்தியது' என்று மூன்று அட்டைகள், 'ஐ' என்று ஒரு குட்டி அட்டை. எலியோடு 'ஐ' சேர்ந்தால் பூனை துரத்துகிறது. எலியை முன்னால் வைத்தாலும் பின்னால் வைத்தாலும் கதை மாறாது. குட்டி அட்டையைப் பூனை பக்கம் நகர்த்துங்கள்: எலி பூனையைத் துரத்துகிறது! வகுப்பே சிரிக்கும். வேற்றுமை உருபு என்ற பெயரை அதற்குப் பிறகு சொன்னால் போதும்.

கே: வரலாற்றுக்கு?

கயிறு. ஒரு வருடத்துக்கு 1 செ.மீ. பிள்ளையின் வயது எட்டு ஒன்பது செ.மீ.தான் வரும், பாட்டியின் வயதை அதன் பக்கத்தில் குறியுங்கள். ரைட் சகோதரர்கள் பறந்த 1903-க்கும் நிலவில் மனிதன் இறங்கிய 1969-க்கும் நடுவே 66 செ.மீ. அச்சு இயந்திரம் வந்த 1450 வாக்கைக் குறிக்கக் கயிறு வகுப்பறையை விட்டு வெளியே போனாலும் போகும், போகட்டும்.

கே: நாற்பது பிள்ளைகள், காது கிழிகிறது சார்.

பாதிப் பேர் செய்யட்டும், பாதிப் பேர் கணிப்பு எழுதட்டும், பிறகு மாற்றுங்கள். குழுவுக்கு நால்வர், பொருள் எடுக்க ஒருவர் மட்டும் எழலாம். பொருளைக் கொடுத்ததும் முதல் ஐந்து நிமிடம் சும்மா விளையாட விடுங்கள், எப்படியும் விளையாடத்தான் போகிறார்கள்.

கே: எல்லாப் பாடத்தையும் ஒரே செயலில் இணைக்கச் சொல்கிறார்களே?

இயல்பாக இணைந்தால் சரி. கண்ணாடிக் குவளையின் ஓரத்தில் ஈரத் தாளுக்குப் பின்னால் அவரை விதை வையுங்கள். தினமும் வேரை அளந்தால் கணிதம், குறிப்பு எழுதினால் மொழி. வேர் வந்ததும் குவளையைக் கவிழ்த்து வைத்தால், சில நாளில் வேர் வளைந்து மறுபடி கீழ்நோக்கிப் போகும். அதோடு நிறுத்துங்கள். சமூக அறிவியலும் வேண்டுமே என்று விதைக்குக் கொடி பிடிக்கவைக்க வேண்டாம்.

கே: இப்படியே போனால் பாடத்திட்டம் முடியுமா?

எல்லாவற்றையும் கையால் செய்தால் முடியாது. வாய்ப்பாடு மனப்பாடமாகத்தான் வேண்டும், அங்கே குச்சி நேர விரயம். பிள்ளைகள் வழக்கமாகக் குழம்பும் இடங்களுக்கு மட்டும் பொருளை எடுங்கள். சுற்றளவும் பரப்பளவும் அப்படி ஒரு இடம்: 24 செ.மீ. நூல் வளையத்தைக் கட்டத்தாளில் 11-க்கு 1 என்று வைத்தால் உள்ளே 11 கட்டம், 6-க்கு 6 என்று வைத்தால் 36. நூல் அதேதான். ஒரு பீரியட் போதும்.