படங்கைத் தேடும் மாமி

கேள்வி: என் மாமிக்கு 76 வயது. கொழுந்து பறித்தே காலம் தள்ளியவர். இரண்டு வருஷமாக மறதி. டிக்கோயா ஆஸ்பத்திரியில் டிமென்ஷியா என்று சொல்லி மருந்து கொடுத்திருக்கிறார்கள். இப்போது உடுப்புதான் பெரிய பிரச்சினை. காலையில் கண்ணில் படுகிற சுவெட்டரை எல்லாம் ஒன்றுக்கு மேல் ஒன்றாகப் போட்டுக்கொள்கிறார். பகல் பதினொரு மணிபோல சேலையை அவிழ்த்துவிட்டுப் பாவாடையோடு இஸ்தோப்பில் (முன் விறாந்தையில்) வந்து நிற்கிறார். காத்து கருப்பு பட்டிருக்கு என்று லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) பேசுகிறார்கள். உடுத்திவிடப் போனால் கையில் அடிக்கிறார். விடியற்காலையில் எழும்பி, வேலைக்கு ஆள் சேர்க்கிற பெரட்டு நினைப்பில், "பெரட்டுக்கு நேரமாச்சு, என் படங்கு எங்க?" என்று, கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டுகிற அந்தத் துணியைத் தேடுகிறார். வெளிநாட்டில் இருக்கும் நாத்தனார் ஒரு உடுப்பு அனுப்பியிருக்கிறார். கழுத்திலிருந்து கால்வரை ஒரே துண்டு, சிப் முதுகுப் பக்கம். போட்டால் மாமியால் கழற்றவே முடியாதாம். போட்டுவிடலாமா?
– ஒரு மருமகள், பொகவந்தலாவை

பதில்: தங்கச்சி, அந்த சிப் உடுப்பை இப்போதைக்கு அலுமாரியில் வையுங்கள். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். முதலில் அந்தப் பதினொரு மணியைப் பார்ப்போம்.

விடியற்காலையில் பனிமூட்டம் லயத்து வாசல்வரை இறங்கி நிற்கும்போது ஒரு வயதான மனுஷி மூன்று சுவெட்டர் போட்டுக்கொள்வதில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் பத்தரை, பதினொன்றுக்கு வெயில் ஏறிவிடும், தகரக் கூரை சுடத் தொடங்கும், அடுப்பும் எரிந்துகொண்டிருக்கும். புழுங்கினால் நாம் யோசிக்காமலே சுவெட்டரைக் கழற்றிவிடுகிறோம். மாமிக்குப் புழுக்கம் தெரிகிறது, ஆனால் அது எதனால், எதை முதலில் கழற்ற வேண்டும் என்ற வரிசை பிடிபடுவதில்லை. கைக்கு எது அகப்படுகிறதோ அது அவிழ்கிறது. சுவெட்டரைவிடச் சேலைக் கொசுவம் சுலபமாக அகப்படும். நான் பக்கத்தில் இருந்து பார்க்கவில்லை, ஆனால் தினமும் ஒரே நேரம் என்று நீங்களே எழுதியிருப்பதால் இதைத்தான் முதலில் சந்தேகப்படுவேன். ஒரு வாரத்துக்குப் பத்து மணிக்கே நீங்களாகப் போய் மேல் சுவெட்டர் ஒன்றைக் கழற்றிவிட்டுப் பாருங்கள்.

அப்படியும் அவிழ்த்தால், கக்கூஸுக்குப் போக அவசரமா, உடுப்பு நனைந்திருக்கிறதா, சட்டைக்குள் ஏதாவது குத்துகிறதா, வயிறு கட்டியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். மறதி உள்ளவர்கள் வாயால் சொல்ல முடியாததைக் கையால் சொல்கிறார்கள். ஒரு விஷயம் முக்கியம். இரண்டு மூன்று நாளுக்குள் திடீரென்று குழப்பம் கூடினால், வழக்கத்துக்கு மாறாகத் தூங்கி வழிந்தால், அதை மறதியின் கணக்கில் போடாதீர்கள். சிறுநீரில் கிருமி ஏறினாலே வயதானவர்களுக்கு அப்படி ஆகும். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சிறுநீர் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

இனி சேலை. "நைட்டியை மாட்டிவிட்டால் தீர்ந்தது" என்று பக்கத்து வீட்டில் யாராவது இதற்குள் சொல்லியிருப்பார்கள். என் அப்பாயிக்கு நானே அதைச் செய்தேன். எனக்குச் சுகம் என்று இரண்டு நைட்டி வாங்கி மாட்டிவிட்டேன். மனுஷி மூன்று நாள் இஸ்தோப்புப் பக்கமே வரவில்லை. கேட்டதற்கு, "நான் என்ன ஆஸ்பத்திரியிலயா கெடக்கேன்?" என்றார். பேரப்பிள்ளைகள் பெயர் மறந்துபோன காலம் அது. ஆனால் சேலை இல்லாமல் நாலு பேர் முன்னால் வரக்கூடாது என்பது மறக்கவில்லை.

ஆகவே சேலையை விடாதீர்கள், சேலையை மாற்றித் தையுங்கள். ஹட்டனில் எந்தத் தையல்காரரிடம் சொன்னாலும் செய்வார். பாவாடை நாடாவை உருவிவிட்டு, மூன்று விரல் அகல இலாஸ்டிக் வைக்கச் சொல்லுங்கள். அவசரத்தில் நாடா முடிச்சு இறுகிப்போய்ப் பாவாடையிலேயே போய்விடுகிற சங்கடம் அதோடு நிற்கும். சேலையின் கொசுவத்தை மடித்து, அதே இலாஸ்டிக்கோடு சேர்த்துத் தைத்துவிட்டால் கீழ்ப்பாதி பாவாடை மாதிரி ஏறி இறங்கும். கரை கணுக்காலுக்கு மேலேயே நிற்கட்டும், லயத்துப் படியில் தடுக்காது. முந்தானையைத் தோளில் இரண்டு பிரஸ் பட்டனால் பிடிக்கலாம். ஊக்கு வேண்டவே வேண்டாம். அது வாய்க்கும் போகும், கைக்கும் குத்தும். முந்தானை நீளத்தையும் வெட்டிக் குறையுங்கள், விறகடுப்புப் பக்கம் தொங்குகிற முந்தானையை நினைத்தாலே எனக்குப் பயம். நைலோன் சேலை தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். பருத்தியும் எரியும்தான், ஆனால் அப்படி ஒட்டாது. அடுப்படியில் நடமாடுகிறவருக்குப் பருத்தியே நல்லது.

சட்டையில் கொக்கி போடுவது மாமிக்கு இனி ஆகாது. கொக்கி இருந்த இடத்தில் உள்ளுக்குள் பிரஸ் பட்டன் வைத்து, மேலே பார்வைக்குப் பொத்தானைத் தைத்துவிடுங்கள். பார்க்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரியாது, அவருக்கும் தெரியாது. வெல்க்ரோவும் சுலபம்தான், ஆனால் சேலை நூலை இழுக்கும், பிரிக்கும்போது வருகிற சத்தத்துக்குச் சிலர் திடுக்கிடுவார்கள். கக்கத்தில் ஒரு துண்டு வைத்து அகலப்படுத்தச் சொல்லவும் மறக்க வேண்டாம். காலமெல்லாம் தலையில் கயிறு மாட்டிக் கூடை சுமந்த கழுத்தும் தோளும் இப்போது கையை மேலே தூக்க விடாது. அவர் உங்களை அடிப்பதில் பாதி அந்த வலியாக இருக்கலாம்.

மீதிப் பாதி பயம். தலை வழியாகச் சுவெட்டரை மாட்டும்போது ஒரு கணம் கண் இருண்டு போகிறதல்லவா? நமக்கு அது ஒன்றுமில்லை. அவருக்கோ, யாரோ முகத்தை மூடுகிறார்கள். தலை வழியாகப் போடுகிறதை எல்லாம் ஒதுக்கிவிட்டு, முன்னால் திறக்கிற சுவெட்டர் இரண்டு வாங்குங்கள். நுவரெலியா பேல் பஜாரில் தேடினால் கைக்கு அடக்கமான விலையில் கிடைக்கும். உள்ளே பருத்திச் சட்டை இருக்கட்டும், கம்பளி தோலில் நேரே பட்டால் அரிக்கும். நிறம் சிவப்போ மஞ்சளோ எடுங்கள், பச்சை மட்டும் வேண்டாம். பனிமூட்டத்தில் தேயிலைக்குள் இறங்கிவிட்டால் பச்சைச் சுவெட்டர்காரரை எங்கே என்று தேடுவது? சுவெட்டரின் உட்பக்கம் உங்கள் வீட்டுத் தொலைபேசி இலக்கத்தைத் துணியில் எழுதித் தைத்துவிடுங்கள்.

உடுத்திவிடும்போது கதவைச் சாத்தி, பிள்ளைகளை வெளியே அனுப்பி, அவரை வாங்கில் உட்கார வையுங்கள். சுவரில் கண்ணாடி இருந்தால் ஒரு துணியால் மூடுங்கள், அதில் தெரிகிற கிழவி யாரோ என்று நினைத்துச் சிலர் கூச்சப்படுகிறார்கள். எல்லாவற்றையும் கட்டிலில் குவிக்காமல் ஒரே ஒரு உடுப்பைக் கையில் கொடுத்து, "மாமி, இந்தக் கையை இதுக்குள்ள விடுங்க" என்று ஒரே ஒரு வேலை சொல்லுங்கள். முடிந்தபிறகு அடுத்தது. "சிவப்பா, நீலமா?" என்று இரண்டைக் காட்டிக் கேட்கலாம், மூன்றாவதைக் காட்ட வேண்டாம். பொடிப் பொடியாகப் பூப்போட்ட துணியில் பூச்சி ஊர்வதாக நினைத்துப் பிய்க்கிறவர்கள் உண்டு, ஒரே நிறத் துணி நல்லது. அடித்தால் சண்டை பிடிக்காமல் விட்டுவிடுங்கள். பத்து நிமிஷம் கழித்து ஒரு பிளேன்டீயோடு திரும்பிப் போனால் அதே சட்டையை அவரே நீட்டி வாங்கக்கூடும்.

அவருக்குப் பிடித்த சேலை ஒன்று இருக்கும். அதே நிறத்தில் இன்னும் இரண்டு வாங்கி வையுங்கள். உங்கள் பக்கம் மே மாதம் மழை பிடித்தால் துவைத்தது காய நாலு நாளாகும். அதுவரை "என் சேலை எங்க?" என்ற கேள்விக்கு யார் பதில் சொல்வது? காலுக்கு இறப்பர் செருப்பு வேண்டாம், அதுவும் மேசுக்கு (காலுறைக்கு) மேல் போட்டால் பாசிப் படியில் வழுக்கும். குதிக்காலைச் சுற்றிப் பட்டி உள்ளதாகப் பாருங்கள்.

படங்குக்கு வருவோம். நீங்கள் அதை ஒரு தொல்லையாக எழுதியிருக்கிறீர்கள், எனக்கு உங்கள் கடிதத்திலேயே நல்ல செய்தி அதுதான். பெயரும் முகமும் போனபிறகும், வருஷக் கணக்காகக் கை செய்த வேலை வெகுகாலம் கையில் தங்கும். சட்டைப் பொத்தான் தெரியாதவருக்குப் படங்கு கட்டத் தெரியும், கட்டச் சொல்லிப் பாருங்கள். பொலித்தீன் படங்கு வேண்டாம், வியர்க்கும். தடித்த பருத்தித் துணியில் ஒன்று தைத்து, முன்னால் ஒரு பெரிய பை வைத்து, விடியற்காலையில் அவர் தேடுவதற்கு முன்பே கையில் கொடுங்கள். சேலைக்கு மேலே இடுப்பில் கட்டிக்கொண்டால் கொசுவம் கைக்கு அகப்படாது. பையில் கொஞ்சம் துணித்துண்டுகளைப் போட்டு வைத்தால் விரல் அதைப் பொறுக்கிக்கொண்டிருக்கும். (மலைநாட்டுப் போஸ்டர்களில் பளபளக்கும் சேலையோடு கொழுந்து பறிக்கிற பெண்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்கள் இடுப்பில் படங்கு இருக்காது. மாமி அந்தப் படத்தைப் பார்த்தால் சிரிப்பார்.) "பெரட்டு முடிஞ்சிருச்சு" என்று மறுத்துப் பேசாமல், "இன்னைக்குக் குளிர் கூட, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போவோம்" என்று அடுப்புப் பக்கம் கூட்டிப் போங்கள்.

காத்து கருப்பு என்கிறவர்களுக்கு நீங்கள் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. கேட்டால் சொல்லுங்கள்: ஜெர்மனியில் 1906ஆம் ஆண்டு அல்சைமர் என்ற வைத்தியர் இப்படியான மறதிநோய் பற்றி எடுத்துச் சொன்ன முதல் நோயாளியும் ஒரு பெண்தான், நோய் தொடங்கியபோது அவருக்கு மாமியைவிட வயது வெகு குறைவு. உலக சுகாதார அமைப்பின் கணக்கில் 2021இல் டிமென்ஷியாவோடு 5 கோடி 70 இலட்சம் பேர் இருந்தார்கள். உங்களுக்கே தாங்க முடியாமல் போகிற இரவில் 1926க்கு அழையுங்கள், தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம். உங்கள் கணவரும் அம்மாவுக்குச் சுவெட்டர் மாட்டிவிடப் பழகலாம், அதற்கு வெட்கம் தேவையில்லை.

இனி சிப் உடுப்பு. அது பூட்டு மாதிரி. கக்கூஸுக்கு ஓடுகிற அவசரத்தில் முதுகுச் சிப்பைத் தேடி முடியாமல் அவர் படப்போகிற பதற்றத்தை நினைத்துப் பாருங்கள். எதைச் செய்தும் சரிவராமல், இராத்திரியில் உடுப்பைக் களைந்து குளிரில் விறைக்கிறார் என்றால், வைத்தியரிடம் கேட்டுவிட்டு, பக்கத்தில் நீங்கள் படுத்திருக்கிற இரவுகளில் மட்டும் போடலாம். பகலில், நாலு பேர் பேசுகிறார்கள் என்பதற்காகப் போட வேண்டாம். நாத்தனார் காசு செலவழித்து ஆசையாக அனுப்பியது என்பதும் எனக்குப் புரிகிறது. நல்ல கதகதப்பான துணியாகத்தான் இருக்கும். தையல்காரரிடம் போகும்போது அதையும் எடுத்துப் போங்கள். இடுப்போடு வெட்டி, முதுகுச் சிப்பை முன்பக்கம் வைத்து, பிடித்து இழுக்க ஒரு நாடா வளையம் மாட்டச் சொல்லுங்கள். மேல்பாதி மாமிக்கு ஒரு கோட். கீழ்பாதிக்கு இலாஸ்டிக் போட்டால் சேலைக்குள் போட ஒரு கதகதப்பான கால்சட்டை. இரண்டையும் போட்டு ஒரு படம் எடுத்து நாத்தனாருக்கு அனுப்பிவிடுங்கள்.